லட்சுமிக்கு ஏழாம் மாதம்

லட்சுமி என்று யாரும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கே ஊருக்குச் சொல்லித் தொலைத்திருந்தால் சின்னத்தம்பி இரண்டு வாரம் சோறு இறங்காமல் கிடந்திருக்க மாட்டான். அவளை உண்டாக்கியவன் நான்தான். என் பெயர் சேவியர், தேவகோட்டைப் பக்கம். சிங்கப்பூரில், துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் சாரம் கட்டுகிறேன். சின்னத்தம்பி அறந்தாங்கிக்காரன், அதே பட்டறையில் வெல்டர். டார்மிட்டரியில் அவனுக்குக் கீழ்க்கட்டில், எனக்கு மேல்கட்டில்.

அவன் ரீல்ஸ் போட ஆரம்பித்தது லட்சுமிக்கு முன்னாலேயே. பட்டறைக்குள் போனை எடுக்கவே விடமாட்டார்கள். அதனால் லாரியில் போகும்போது தெரிகிற கடல், கிரேன், விடிகிற வானம் என்று எதையாவது எடுத்து, ஒரு சோகப் பாட்டைச் சேர்த்துப் போடுவான். நாற்பது பேர் பார்ப்பார்கள். அதில் பத்துப் பேர் எங்கள் அறைக்காரர்கள், மீதி அவன் சித்தப்பா வீட்டு ஆட்கள். அந்த நாற்பதையும் ஒரு நாளைக்கு நூறு தடவை எடுத்துப் பார்ப்பான். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு நாள் பொறுக்காமல் சொன்னேன். பார்க்கிறவன் விரலால் தள்ளிவிட்டுப் போக மூன்று வினாடிதான் ஆகும், அதற்குள் நீ அவனைக் கூப்பிட வேண்டும், வானத்தைக் காட்டினால் எவன் நிற்பான் என்று. யாரைக் கூப்பிடுவது என்று கேட்டான். பொண்டாட்டியைக் கூப்பிடு என்றேன். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. எதிரே சுவரோரமாக அரிசிப் பை நின்றது, அதில் லட்சுமி படம் போட்டிருந்தது. அவ்வளவுதான் பெயர் வைக்கிற விழா.

துணி காயப்போடும் இடத்தில் நிறுத்தி நான் எடுத்தேன். காதில் போனை வைத்துக்கொண்டு, "லட்சுமி, சாப்பிட்டியா?" என்று ஆரம்பித்தான். நல்லாத்தான் இருந்தது. ஆனால் கேட்டுவிட்டு நிஜமாகவே யாரோ பதில் சொல்வதுபோலச் சும்மா நின்றான். நான் நிறுத்தச் சொன்னேன். இடைவெளியே விடக்கூடாது, கேட்ட கையோடு அடுத்த விஷயத்துக்குப் போ, நீ சும்மா நிற்கிற நேரத்தில் அவன் தள்ளிவிட்டுப் போய்விடுவான் என்று சட்டம் போட்டேன். அதற்குப் பிறகு எந்த வீடியோவிலும் அவன் லட்சுமியைப் பேச விட்டதில்லை.

இன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை என்பான். சேவியர் குறட்டை விடுகிறான் என்பான். மழை பெய்தது, லாரியில் நனைந்தேன், நீ இருந்தால் தலை துவட்டிவிடுவாய் என்பான். எங்கள் நேரம் எட்டு மணிக்குப் போடுவோம். ஊரில் அப்போது ஐந்தரை, பெண்கள் டீ போடுகிற நேரம். அதையும் நான்தான் கண்டுபிடித்தேன். எட்டு மாதத்தில் அறுபதாயிரம் பேர் சேர்ந்தார்கள். அதில் பாதிக்கு மேல் பெண்கள். 'எங்க வீட்டுக்காரரும் சவுதியில இருக்காரு அண்ணா, ஒரு நாள்கூட இப்படிக் கேட்டதில்ல' என்று எழுதுவார்கள். அதைச் சின்னத்தம்பி திரும்பத் திரும்பப் படிப்பான். அவன் அந்த ஜாதி.

அறுபதில் வண்டி நின்றுவிட்டது. லட்சம் தொட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அவனைவிட எனக்குத்தான் அதிகம், பொய் சொல்வானேன். அப்போதுதான் அந்த யோசனையைச் சொன்னேன்: லட்சுமிக்குப் பிள்ளை உண்டாகட்டும். சின்னத்தம்பி விழித்தான்.

"எனக்கு இன்னும் பொண்ணே பாக்கல மாப்ள. அதுக்குள்ள புள்ளையா?"

போனில்தானே உண்டாகிறாள், போன மாதம் நீ லீவில் ஊர் போய்வந்ததும் கணக்குக்குச் சரியாக வரும், உனக்கென்ன போச்சு என்றேன். மசக்கை வீடியோ ஒன்று, மாங்காய் வீடியோ ஒன்று என்று ஏற்றினோம். ஏழாம் மாதம் வளைகாப்பு. நான் இல்லாமல் உனக்கு வளையல் போடுகிறார்களே லட்சுமி என்று அவன் சொன்னபோது, எடுத்துக்கொண்டிருந்த நானே ஒரு நிமிஷம் அவள் இருக்கிறாள் என்று நம்பிவிட்டேன். அதை ஒன்பது லட்சம் பேர் பார்த்தார்கள்.

பார்த்தவர்களில் வசந்தகுமாரி அக்காவும் ஒருவர். தேக்காவில் டீக்கடை வைத்திருக்கிறார், சிங்கப்பூரிலேயே பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அங்கே போனால் காசு வாங்காமல் ஒரு வடை வைப்பார். அந்த ஞாயிறு ஒரு டஜன் கண்ணாடி வளையலை அட்டைப்பெட்டியில் வைத்துச் சின்னத்தம்பி கையில் கொடுத்தார்.

"ஏழாம் மாசம் ஒய்ஃப்கிட்ட இல்லாம இருக்கறது கஷ்டம் லா. ஊருக்குப் போற யார்ட்டயாச்சும் குடுத்து அனுப்பு தம்பி."

அதோடு விடவில்லை. தோ பாயோவில் தன் வீட்டுப் பக்கத்துக் கோயிலில் லட்சுமி பேருக்கு அர்ச்சனை பண்ணப் போவதாகச் சொல்லி நட்சத்திரம் கேட்டார். சின்னத்தம்பி என்னைப் பார்த்தான். நான் வடையைப் பார்த்தேன். ரோகிணி என்று அடித்துவிட்டான். அன்றைக்கு நான் சிரித்துக்கொண்டே டார்மிட்டரி வந்தேன். அவன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தான்.

அதே மாதம் அவன் அம்மா நிஜமாகவே பெண் பார்த்துவிட்டார். பெயர் உமாமகேஸ்வரி, புதுக்கோட்டையில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. போட்டோ வந்தது. பையன் அதைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது, ஆள் காலி. ஒரு ஞாயிறு போனில் பேசினான். பக்கத்தில் நான் இருந்தேன். பயத்தில் இருபத்தைந்து நிமிஷம் இவனே பேசினான்: வெல்டிங், ஓவர்டைம், சிங்கப்பூர் வெயில். பேசி முடித்துவிட்டு, நல்லாப் பேசினேன்ல என்று என்னிடம் கேட்டான். பிரமாதம் என்றேன். எனக்குப் பார்த்தும் பழக்கம், பாராட்டியும் பழக்கம்.

ஆவணியில் பூ வைப்பது என்று முடிவாயிற்று. நான்காம் நாள் பெண்ணுடைய அத்தை டீ போடும்போது வளைகாப்பு வீடியோவைப் பார்த்துவிட்டார்.

பெண் வீட்டுக்காரர்கள் சத்தம்கூடப் போடவில்லை. ஏழு மாதக் கர்ப்பிணியை வைத்துக்கொண்டு இன்னொரு பெண் கேட்டு வந்திருக்கிறீர்கள், நல்லா இருங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். வீடியோ சும்மா நடிப்பு என்று அவன் அம்மா தன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னதை அவர்கள் நம்பவில்லை. கல்யாணமாகவில்லை என்று சான்றிதழ் வாங்கிக் காட்டலாம் என்று யாரோ சொல்ல, அம்மா வி.ஏ.ஓ.விடம் போனார். அந்த மனுஷன் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்து, சிங்கப்பூர் தம்பியா, லட்சுமிக்கு எப்போ பிரசவம் என்று கேட்டாராம். அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். இல்லாத பெண்டாட்டியை இல்லை என்று நிரூபிக்க எந்த ஆபீசில் மனுப் போடுவது?

சின்னத்தம்பி சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனான். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. இதற்கிடையில் கணக்கு தொண்ணூற்றெட்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. உண்மையைச் சொல்லி ஒரு வீடியோ போடப் போகிறேன் என்றான். நான் தடுத்தேன். இன்னும் இரண்டாயிரம்தான், லட்சம் தொட்டுவிட்டுச் சொல் என்றேன். வேறு வழியும் வைத்திருந்தேன். பிரசவத்தில் லட்சுமி போய்விட்டாள் என்று ஒரே ஒரு வீடியோ. மேலே பத்தாயிரம் பேர் வருவார்கள், அத்தோடு அவள் கதையும் முடியும் என்றேன்.

ஆறு வருஷமாக அவனைத் தெரியும். கோபப்பட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அவளக் கொல்ல மாட்டேன்டா. அவளுக்காக அர்ச்சனை பண்ணியிருக்காங்க. இன்னொரு தடவ இத என்கிட்ட சொல்லாத."

எனக்கு வெட்கமாகிவிட்டது. மேல்கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டேன். பிறகு நானே இறங்கி வந்து, எப்போ எடுக்கணும் என்று கேட்டேன்.

ஞாயிறு காலை தேக்கா பக்கம் ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் புல்தரையில் எடுத்தோம். காதில் போன் வைக்கவில்லை. லட்சுமி என்று யாரும் இல்லை, நான் கல்யாணம் ஆகாதவன், நீங்கள் அனுப்பிய வாழ்த்தெல்லாம் இல்லாத ஒருத்திக்கு வந்தது, அதை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தது என் தப்பு, மன்னிச்சிருங்க என்றான். யோசனை கொடுத்தவன் பேரை அவன் சொல்லவில்லை. நடுவில் இரண்டு இடத்தில் வார்த்தை வராமல் நின்றான். அதை நான் வெட்டாமலே விட்டேன்.

திட்டுக்குக் குறைவில்லை. ஏமாற்றுக்காரன், எங்கள் கண்ணீரை விற்றவன் என்று எழுதினார்கள். கணவர் சவுதியில் இருக்கிற அந்தப் பெண், 'நீங்களுமா அண்ணா' என்று மட்டும் எழுதியிருந்தார். அதுதான் அவனை அதிகம் சுட்டது. மறு ஞாயிறுக்குள் தொண்ணூற்றெட்டு, எழுபத்தொன்றாக இறங்கியது. நான்தான் எண்ணிக்கொண்டிருந்தேன், அவன் பார்க்கவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தது புதுக்கோட்டை நம்பரை. வீடியோ போட்ட அன்றே அதை உமாமகேஸ்வரிக்கு அனுப்பியிருந்தான். பார்த்துவிட்டாள் என்று நீலக் குறி வந்தது. ஒரு வாரம் ஒரு வார்த்தையும் வரவில்லை.

அந்த ஞாயிறு வளையல் பெட்டியை எடுத்துக்கொண்டு தேக்காவுக்குப் போனோம். வசந்தகுமாரி அக்கா டீ வைத்தார், வடை வைக்கவில்லை. சின்னத்தம்பி பெட்டியை மேடைமேல் வைத்தான்.

"என் மக வயித்துல புள்ளையோட இருந்தப்பகூட நான் இவ்ளோ கவலப்படல தம்பி," என்றார். முகத்தை நிமிர்த்தவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒன்றும் உடையவில்லை. மூடி, கல்லாவுக்குக் கீழே வைத்தார். "இது உன்கிட்ட இருக்க வேணாம். யாருக்குன்னு தெரிஞ்சப்புறம் வந்து கேளு."

டீக்குக் காசு கொடுத்தோம். முதல் தடவையாக மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்தார். எனக்கு அது ஒரு அறை மாதிரிதான் இருந்தது.

புல்தரைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தோம். ஞாயிறு மதியம் அங்கே எள் போட்டால் எள் விழாது. ஆயிரம் பேர் ஆயிரம் போனில் ஊரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் இவன் போன் அடித்தது. புதுக்கோட்டை நம்பர். இந்தச் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டான். வணக்கம் சொல்லிவிட்டு, வழக்கம்போல மூச்சு விடாமல் மன்னிப்பைத் தொடங்கினான். அவள் குறுக்கிட்டாள். கோபம் இல்லாத, களைத்த குரல்.

"ஒரு நிமிஷம். நான் பேசிக்கறேன். உங்க வீடியோ எல்லாத்தையும் உக்காந்து பாத்தேன். நூத்திப் பத்து. லட்சுமி பொய்யின்னு நீங்க சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தோணுச்சு. ஏன்னா அவ ஒரு வார்த்த பேசல. சாப்பிட்டியான்னு கேக்கறீங்க, அவ சாப்பிட்டாளான்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது. என்கிட்டயும் அன்னைக்கு அப்படித்தான் பேசுனீங்க. அம்மா இன்னும் வேணாம்னுதான் சொல்றாங்க. நான் முடிவு பண்ணல. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். நான் வந்தா எனக்குப் பேச இடம் இருக்குமா?"

இவன் என்னைப் பார்த்தான், வசனத்துக்குப் பார்ப்பதுபோல. இடைவெளி விடாதே என்று சட்டம் போட்டவனே நான்தானே. பழக்க தோஷத்தில் என் கை அவனை எடுக்கப் போனைத் தூக்கியிருந்தது. அதை இறக்கிச் சட்டைப் பையில் போட்டேன்.

சின்னத்தம்பி ஸ்பீக்கரை அணைத்து, போனைக் காதில் வைத்துக்கொண்டான்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான்.

கேட்டுவிட்டு நிறுத்தினான். மூன்று வினாடி போயிற்று. பத்து போயிற்று. எண்ணுவது எனக்கு வியாதி, எண்ணிக்கொண்டே இருந்தேன். அவன் வாயைத் திறக்கவில்லை. தலையைக் குனிந்து, இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, அவள் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். அரை மணி நேரம் கழித்துத்தான் நான் எண்ணுவதை விட்டேன். அவள் அப்போதும் பேசிக்கொண்டிருந்தாள்.