மிஹானே உள்ளே இருக்கிறாள்

கணகணவென்று அபாய மணி அலறியபோது, நுகுமிசு மேஜைக்கடியில் கைப்பேசியை ஒளித்து வைத்துக்கொண்டு, அன்று மாலை நிகழ்ச்சிக்கான நுழைவுச்சீட்டை இருபதாவது தடவையாக ரசித்துக்கொண்டிருந்தார்.

வயது ஐம்பத்து நாலு. ஜப்பானில் தஜிமி என்ற ஊரில் குளியலறை ஓடு செய்யும் நிறுவனத்தின் நிர்வாக மேலாளர். வருகிற வெள்ளிக்கிழமை முதலாளியம்மா சகாகிபாரா அவரை டைரக்டராக அறிவிக்கப் போகிறார். அந்த அம்மாள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. 'கண்ணியம்' என்ற ஒரே சொல்லை ஓட்டில் சுட்டு, ஆபீஸ் வாசலில் பதித்து வைத்திருப்பவர்.

அதனால்தான் நுகுமிசு தன் ரகசியத்தைச் சட்டைக்குள் வைத்திருந்தார். நிஜமாகவே சட்டைக்குள். வெள்ளைச் சட்டைக்கு அடியில் மஞ்சள் பனியன். பனியன் நிறைய மிஹானேயின் முகம்.

நாலு பெண்கள் ஆடிப் பாடும் குழுவில் மஞ்சள் நிறம் மிஹானேயுடையது. மேடைக்கு வந்ததும் நெஞ்சில் கை வைத்து, "உள்ள யாராவது இருக்காங்களா?" என்று கேட்பாள். உடனே அரங்கமே ஒரே குரலில், "மிஹானே இருக்கா!" என்று கத்த வேண்டும். நுகுமிசு ஆறு வருடமாகக் கத்துகிறார். போன மாதம் சப்போரோவில் நடந்த நிகழ்ச்சி மட்டும் தவறிவிட்டது. ஓடு உற்பத்தியாளர் கூட்டம் என்று முதலாளியம்மா மூன்று நாள் வெளியூர் போய்விட்டதால், ஆபீஸைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதாயிற்று.

இதெல்லாம் வெளியே தெரிந்தால் மானம் போய்விடாதா? போன வாரம்தான் வரவேற்பில் உட்காரும் கயோவின் பொம்மைச் சாவிக்கொத்தை, "இது ஆபீஸா, பள்ளிக்கூடமா?" என்று பிடுங்கி அலமாரியில் பூட்டியிருந்தார்.

மணி நிற்கவில்லை. எல்லோரும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் வரிசையாக நின்றார்கள். கேன்டீன் ஜன்னலிலிருந்து புகை சுருள் சுருளாக வந்தது. கயோ தலைகளை எண்ணினாள். காலையில் வந்தவர்கள் எண்பத்தாறு; வெளியே நின்றவர்களும் எண்பத்தாறு. நுகுமிசுவுக்கு மூச்சு வந்தது.

தீயணைப்பு வண்டி வந்து நின்றது. அதிகாரி குதித்து இறங்கி, நெஞ்சுப் பட்டையை ஒரு கையால் அழுத்திக்கொண்டு கத்தினார்.

"உள்ள யாராவது இருக்காங்களா?"

"மிஹானே இருக்கா!"

அடிவயிற்றிலிருந்து வந்த குரல். யாருடையது என்று நுகுமிசு திரும்பிப் பார்த்தார். எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய வலது கை வேறு வானத்தைக் குத்திக்கொண்டு நின்றது.

இரண்டு வீரர்கள் புகைக்குள் பாய்ந்துவிட்டார்கள்.

"வயசு?" என்றார் அதிகாரி.

"பத்தொன்பது."

"உயரம்?"

"நூத்தி அம்பத்து மூணு சென்டிமீட்டர்."

"ரத்த வகை?"

"ஏபி. உயரமான இடம்னா பயம். எறா சாப்பிட்டா உடம்பெல்லாம் தடிச்சுடும்."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை மரியாதையாகப் பார்த்தார். "இப்படி ஒரு மேனேஜரை நான் பார்த்ததே இல்ல சார்!"

கயோ பட்டியலைப் புரட்டினாள். "மிஹானேன்னு நம்ம லிஸ்ட்ல யாருமே இல்லையே சார்?"

"புதுசா சேர்ந்த பொண்ணும்மா," என்றார் கிடங்கு சோகாபே, கண்ணைத் துடைத்தபடி. "மாடிப்படியில பார்த்தா தினமும் குனிஞ்சு வணக்கம் சொல்லும். தங்கமான பொண்ணு."

"மழையில எனக்குக் குடை குடுத்தாளே, அவதானே?" என்றார் விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர்.

கயோ எண்பத்தாறை அடித்துவிட்டு எண்பத்தேழு என்று எழுதினாள். இன்னும் இரண்டு வீரர்கள் உள்ளே ஓடினார்கள். அதிகாரி ஒலிபெருக்கியை எடுத்தார்.

"மிஹானே-சான்! பயப்படாதீங்க! மாடியில இருந்தீங்கன்னா கீழ பார்க்காதீங்க!"

சும்மா இருந்துவிடலாம் என்று நுகுமிசு நினைத்தார். தேடுவார்கள், கிடைக்க மாட்டாள், குழப்பம் என்று எழுதிவிட்டுப் போவார்கள். வெள்ளிக்கிழமை டைரக்டர்.

அதிகாரியின் வாக்கி-டாக்கி கரகரத்தது. "மூணாவது மாடியில ஒரே புகை சார். கழிப்பறைக் கதவு பூட்டியிருக்கு. உடைச்சு உள்ள போறோம்."

"பாவம், அவங்கம்மாவுக்கு யாரு சொல்றது?" என்று சோகாபே விம்மினார்.

நுகுமிசுவின் சட்டைப் பொத்தான்கள் பட்பட்டென்று தெறித்தன.

"நிறுத்துங்க! எல்லாரையும் வெளிய கூப்பிடுங்க! மிஹானே அங்க இல்ல, இங்க இருக்கா!" என்று நெஞ்சைத் திறந்து காட்டினார். "பாட்டுப் பாடுற பொண்ணு. நான் அவளோட ரசிகன். மேடையில அவளும் இதே கேள்வியைத்தான் கேப்பா. வாய் தானா பதில் சொல்லிடுச்சு."

அதிகாரி வாக்கி-டாக்கியில் எல்லோரையும் திரும்ப அழைத்தார். வீரர்கள் நால்வரும் வெளியே வந்தார்கள். ஒருவர் கையில் கரிக்கட்டையாகிப் போன கானாங்கெளுத்தி மீன். "உள்ள இருந்தது இது மட்டும்தான் சார்."

"அப்ப எனக்கு வணக்கம் சொல்றது யாரு?" என்றார் சோகாபே.

கயோ மெதுவாக அருகில் வந்தாள். "சார், என் சாவிக்கொத்து?"

"அலமாரியில மேல் தட்டு. எடுத்துக்கோம்மா."

முதலாளியம்மா வரிசையின் கோடியிலிருந்து நடந்து வந்தார். டக், டக், டக். நுகுமிசு சட்டையை மூடவில்லை. மூடி மூடி ஆறு வருடம் வியர்த்தது போதும்.

"அவ பாடினா எனக்கு நல்லாயிருக்கு, முதலாளியம்மா. அவ்வளவுதான். டைரக்டர் பதவியை வேற யாருக்காவது குடுங்க. இன்னிக்கு நகோயாவுல நிகழ்ச்சி. நான் அஞ்சு மணிக்குக் கிளம்பறேன்."

அம்மாள் பனியனை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, கசங்கியிருந்த மிஹானேயின் நெற்றியை ஒற்றை விரலால் நீவிவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்:

"போன மாசம் சப்போரோவுல மாத்திட்டாங்க, நுகுமிசு. மூணு தடவை கை தட்டிட்டுத்தான் 'மிஹானே இருக்கா'ன்னு கத்தணும்."