முதலில் நிறுத்தியவர்

புது அதிபர் பதவியேற்ற அன்று, மேடையில் மளமளவென்று பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றுபோனார். ஒன்றல்ல, இரண்டல்ல, ஐம்பத்திரண்டு நொடி. வீட்டில் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள், அது எவ்வளவு நேரம் என்று தெரியும். அதற்குள் ஒருவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு தெருமுனைக்கே போய்விடலாம். அது முடிந்ததும் மனிதர் மலர்ந்த முகத்தோடு, “எல்லாருக்கும் என் வணக்கம்” என்று பேச்சை முதலிலிருந்து ஆரம்பித்தார். நான்காம் பக்கத்தில் நின்றவர் முதல் பக்கத்துக்குப் போய்விட்டார். கூட்டம் கை தட்டுவதா வேண்டாமா என்று திருதிருவென்று விழித்தது.

அந்த நேரத்தில் மேடைக்குக் கீழே, கறுப்புத் துணி போட்ட மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு அலுவலகத்தில் ஆமை என்று பெயர். அரசுத் தொலைக்காட்சியில் பத்தொன்பது வருட உத்தியோகம். பேசுகிறவர் முன்னால் ஒரு கண்ணாடி நிற்கும். அதில் பேச்சு வரிவரியாக மேலே ஓடும். பார்க்கிற ஜனங்களுக்கு அது தெரியாது, ஐயா மனப்பாடமாகப் பொழிகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த எழுத்தை ஓட்டுகிற குமிழ் இவர் கையில். பேசுகிறவர் விரைந்தால் இவரும் விரைவார், இருமினால் இவரும் நிற்பார். செத்தாலும் ஒரு வரி முந்தி ஓட்டமாட்டார். அவசரமே படாத ஜென்மம் என்று கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் அது. கேலிதான். ஆனால் பெரிய மனிதர்கள் பேச வந்தால் மட்டும், “அந்த ஆமையைக் கூப்பிடுங்கப்பா” என்று ஆள் அனுப்புவார்கள்.

அன்றைக்கும் ஆமை தன் வேலையைத்தான் செய்தார். அதிபர் நின்றார், இவரும் நின்றார். கண்ணாடியில் அடுத்த சொல் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது. ‘குடும்பமும்’ என்று வாசிக்க வேண்டியதுதான் பாக்கி. அதிபர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், வாசிக்கவில்லை. அப்புறம் வணக்கத்திலிருந்து தொடங்கியதும் ஆமைக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. அடக் கடவுளே என்று குமிழை ஒரே திருகாகத் திருகி, எழுத்தை முதல் பக்கத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். இரண்டு நொடிகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு அதிபர் கண்ணாடியைப் பார்த்துக் கடைசிவரை தங்குதடையில்லாமல் வாசித்து முடித்தார். மானத்தைக் காப்பாற்றினோம், யாராவது வந்து முதுகில் தட்டிக்கொடுப்பார்கள் என்று ஆமை காத்திருந்தார். அப்பாவி மனுஷன்!

மறுநாளிலிருந்து நாட்டுக்கு வேறு பேச்சே இல்லை. ஓட்டு எண்ணி முடித்து மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் முடிவெட்டும் கடையிலிருந்து பஸ் வரை ஒரே கேள்வி. இந்த மனுஷன் தாங்குவாரா? ஓட்டுப் போட்டவர்கள் தூக்கமில்லை, வெயில் என்று சப்பைக்கட்டு கட்டினார்கள். போடாதவர்கள் நான் அப்பவே சொன்னேன் என்று குதித்தார்கள். மருத்துவர்கள் பரிசோதித்து அறிக்கை தரவேண்டும் என்று எதிர்க்கட்சி தெருவில் இறங்கிவிட்டது.

ஆமையின் மனைவி கையில் ஈரத்துணியோடு வந்து நின்றாள். “என்னங்க, என்கிட்டயாவது உண்மையைச் சொல்லுங்க. நீங்கதானே நிறுத்துனீங்க?”

“நான் எதுக்கு நிறுத்தறேன்? அவர் நின்னார், நானும் நின்னேன்.”

“கண் அசந்திருப்பீங்க.”

“பத்தொன்பது வருஷத்துல ஒரு நாள் அசந்திருக்கேனா?”

அவள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த அதிபருக்காக மூன்று மணி நேரம் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவள் அவள். எனக்கென்ன வந்தது என்று படுத்திருந்த புருஷனையும் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்ப் போட வைத்தவள். “அப்ப அவருக்கு ஏதோ இருக்குங்க,” என்றாள். குரல் இறங்கிவிட்டது. ஈரத்துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். “வேண்டாங்க. நீங்களே நிறுத்துனதா இருக்கட்டும். உங்க தப்புன்னா ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க. அவர் தப்புன்னா அஞ்சு வருஷங்க.”

கட்டினவளே இப்படிச் சொன்னால் மனுஷன் எங்கே போய் முட்டிக்கொள்வது? ஆமை சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

போய்ச் சேர்வதற்குள் அதிபர் மாளிகையிலிருந்து வண்டி வந்து காத்திருந்தது. அதில் ஏற்றிக் கொண்டுபோய் மாளிகைக்குள் ஒரு சின்ன அறையில் விட்டார்கள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் கடிகாரம். ஜன்னல் இருந்தது, ஆனால் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் குழாய்தான் தெரிந்தது. அதிபரின் ஊடகச் செயலாளர், நாற்பது வயதுப் பெண்மணி, சிரித்த முகமாக எழுந்து நின்றார்.

“வாங்கண்ணா, உட்காருங்க. சாப்பிட்டீங்களா?”

இந்த மாளிகைக்கு எத்தனையோ தடவை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார், ஒரு ஈ காக்காகூட அவரை உட்காரச் சொன்னதில்லை. அண்ணா என்று கேட்டதுமே ஆமைக்குப் புரிந்துவிட்டது, கழுத்துக்குக் கத்தி வந்தாயிற்று என்று.

மேசைமேல் ஒரு தாள். மூன்றே வரி. தன் கவனக்குறைவால் எழுத்து நின்றுபோய், பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பிவிட்டது. அதிபர் அவர்கள் கண்ணாடியில் தெரிந்ததையே வாசித்தார். இதற்குத் தானே முழுப் பொறுப்பு.

“மேடம், அவர் நின்னதுக்கு அப்புறம்தான் நான் நிறுத்தினேன்.”

“எழுத்து முதல் பக்கத்துக்கு ஓடுனதை உங்க பின்னால நின்ன ரெண்டு காவலர் பாத்திருக்காங்கண்ணா. ஓட்டினது யாரு?”

“நான்தான். ஆனா அவர் முதல்ல இருந்து ஆரம்பிச்சதால…”

“நீங்கதான். அவ்வளவுதான் கேட்டேன்.”

காப்பாற்றப் போட்ட திருகே கழுத்தில் சுருக்காக விழும் என்று யார் கண்டார்?

“பாருங்கண்ணா,” அந்த அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினார். “தப்புன்னு நீங்களே எழுதிக் குடுத்தா, இது தப்பு. யாருக்குத்தான் தப்பு வராது? எழுதித் தரலைன்னா இதுக்கு வேற பேரு வைக்கணும். வேணும்னே செஞ்சாரா, யார் சொல்லிச் செஞ்சார், எதிர்க்கட்சிக்காரங்க யார் வீட்டுக்கு வந்தாங்கன்னு விசாரிக்கணும். உங்க போன், வீட்டுல அவங்க போன் எல்லாம் பாக்கணும். அதெல்லாம் நமக்கு எதுக்கு?”

தப்பு, இல்லையென்றால் சதி. நடந்ததைச் சொல்ல அந்தத் தாளில் இடமே இல்லை. யோசித்துச் சொல்லுங்கள் என்று அந்த அம்மா எழுந்து போய்விட்டார்.

கதவு பூட்டியிருக்கவில்லை, அதுதான் கொடுமை. ஆமை திறந்து பார்த்தார். வாசலில் நின்ற காவலர், “என்ன சார், தண்ணியா?” என்று கேட்டு, இருக்கிறது என்றதும் பவ்யமாகக் கதவைச் சாத்தினார். பத்து நிமிடம் கழித்து மறுபடி திறந்தார். “பாத்ரூமா சார்? வாங்க” என்று கூட்டிப்போய், கூடவே நின்று, திரும்பக் கொண்டுவந்து விட்டார். மூன்றாவது தடவை திறக்க ஆமைக்கே வெட்கமாக இருந்தது. ஒன்பது மணிக்கு வந்தவருக்கு மணி இரண்டாகிவிட்டது. நிலைய இயக்குநரைப் போனில் கூப்பிட்டார். “சொன்னதைச் செஞ்சுட்டு வாப்பா, எங்களையும் இழுக்காத” என்று அவர் வைத்துவிட்டார். அறை அதே அறைதான், ஆனால் சுவர் நாலும் ஒரு முழம் நெருங்கி வந்த மாதிரி மூச்சு முட்டியது.

அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. யார் முதலில் நிறுத்தினார் என்பது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று தான், இன்னொன்று அதிபர். செயலாளர் திரும்பி வந்ததும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னார். “மேடம், ஐயா என் முகத்தைப் பாத்து, ‘நீதான் நிறுத்துனே’ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். கண்ணை மூடிக்கிட்டுப் போடறேன் கையெழுத்து.”

நடக்காத காரியம் என்றுதான் கேட்டார். கால் மணி நேரத்தில் அதிபரே வந்து நின்றார்.

தொலைக்காட்சியில் பார்ப்பதைவிட ஆள் குட்டை. எழுபது வயதுக்கு நல்ல நிமிர்வு. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவர் கையைப் பிசைந்துகொண்டே, “தம்பி,” என்றார். “இவங்கள்லாம் நீங்கதான்னு சொல்றாங்க. எனக்கு அந்த இடம் ஞாபகத்துல இல்ல. பேசிக்கிட்டு இருந்தேன், அப்புறம் கை தட்டுனாங்க, அவ்வளவுதான் தெரியுது. நீங்க சொல்லுங்க. முதல்ல நின்னது கண்ணாடியா, நானா?”

ஆமை இதை எதிர்பார்க்கவில்லை. பொய்யை உருட்டி மிரட்டுகிற ஒருவரைத்தான் அவர் மனதில் வைத்திருந்தார். இங்கே உட்கார்ந்திருந்ததோ பயந்துபோன மனிதர். கண்ணில் அப்படி ஒரு கெஞ்சல். தெரிந்தவர்கள் இரண்டு பேர் என்று நம்பியிருந்தாரே, இப்போது தெரிந்தது ஆமை ஒருவருக்கு மட்டும்தான். நாற்காலிக்குப் பின்னால் நின்ற செயலாளர் ஆமையை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தொண்டையோ வேறு ஒன்றைச் சொன்னது.

“கண்ணாடிதான் ஐயா. என் கைத் தப்பு.”

அதிபர் நெஞ்சில் கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டார். முகத்தில் பத்து வயது குறைந்துவிட்டது. “அப்பாடா! நான் என்னென்னமோ நினைச்சுட்டேன் தம்பி. நாளைக்குக் காலையில மூளை டாக்டர் ஒருத்தரை யாருக்கும் தெரியாம வரச் சொல்லியிருந்தேன். இவங்களுக்குக்கூடத் தெரியாது.” செயலாளர் பக்கம் திரும்பினார். “வேண்டாம்னு சொல்லிடும்மா. இனி எதுக்கு?”

அந்த அம்மாவின் முகத்தில் ஒரு கணம் ரத்தமே இல்லை. “சரிங்கய்யா,” என்றார்.

“ஐயா,” ஆமை பதறி எழுந்தார். “டாக்டரை ஒரு தடவை எதுக்கும்…”

“எனக்கு ஒண்ணும் இல்லன்னு நீங்கதானே இப்பச் சொன்னீங்க!” அதிபர் சிரித்துக்கொண்டே அவர் தோளைத் தட்டினார். “பயப்படாதீங்க தம்பி, உங்க வேலைக்கு நான் பொறுப்பு. தப்பைத் தப்புன்னு ஒத்துக்கிற ஆளு இந்தக் காலத்துல எங்க கிடைக்குது? அஞ்சு வருஷமும் என் பேச்சுக்கெல்லாம் இவரே இருக்கட்டும்மா.”

அவர் போனதும் செயலாளர் பேனாவை எடுத்து நீட்டினார். அண்ணா என்று சொல்லவில்லை. ஆமை கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மூன்று வரியும் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. நாடு நிம்மதியாக மூச்சுவிட்டது. எதிர்க்கட்சி ஊர்வலம் பிசுபிசுத்துப் போனது. முடிவெட்டும் கடைக்காரர், “நீங்கதானா அது?” என்று கண்ணாடியில் முறைத்துக்கொண்டே வெட்டினார். மனைவி மட்டும் அன்றைக்கு அவருக்குப் பிடித்ததாகச் சமைத்து, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க என்று உபசாரம் செய்தாள். அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் பெரிய மண்டபத்தில் அதிபரின் அடுத்த பேச்சு. நானூறு பேர், ஏழு காமிரா. முதல் இரண்டு பக்கம் அருவியாகக் கொட்டியது. ஆமை குமிழில் விரலை வைத்துக்கொண்டு, தெரிந்த தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் பக்கத்தில் ‘நம் பிள்ளைகளின்’ என்ற இடத்தில் அதிபர் நின்றார்.

ஆமையின் விரலும் நின்றது. கண்ணாடியில் அடுத்த சொல் பளிச்சென்று தெரிந்தது. ஐந்து நொடி. பத்து நொடி. மண்டபத்தில் ஒருவர்கூட அதிபரைப் பார்க்கவில்லை. நானூறு தலையும் கறுப்புத் துணி போட்ட மேசைப் பக்கம் திரும்பியது. “ஆரம்பிச்சுட்டான்யா!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். காமிராக்கள் ஒவ்வொன்றாக அவர் முகத்துக்குத் திரும்பின. சுவரோரம் நின்ற செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

மேடையில் இருந்த அதிபரும் எல்லோரும் பார்த்த பக்கமே பார்த்தார். பார்த்ததும் முகம் தெளிந்து, பெற்ற பிள்ளையை மன்னிப்பது போலச் சிரித்தார். “பரவாயில்ல தம்பி, நிதானமாப் பாருங்க,” என்று மைக்கிலேயே சொன்னார். மண்டபம் அதிரக் கை தட்டியது.

ஆமை எழுந்து நின்று, இரண்டு கையையும் கூப்பி, “மன்னிக்கணும் ஐயா, என் தப்புதான்,” என்றார்.