ஜீப்பைக் கட்டையில் ஏற்றிய நாள்

ஜீப்பின் பின்பக்கத்தைத் தூக்கி மரக்கட்டைகளின்மேல் உட்கார வைத்து முடித்தபோது காலை பத்து மணியிருக்கும். முன்சக்கரங்கள் தரையில்தான் இருந்தன, உருளாமலிருக்கச் செங்கல் அண்டை கொடுத்திருந்தேன். பின்னால் இடது சக்கரத்தைச் சங்கிலியால் வண்டியின் சட்டத்தோடு பிணைத்துவிட்டு, வலது சக்கரத்தின் டயரைக் கழற்றினேன். வெறும் இரும்பு வளையத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு முனையில் எடைக்கல்லும் மறுமுனையில் உத்தரத்திலிருந்து தொங்கிய ஸ்பிரிங் தராசுமாகக் கட்டினேன். நாங்கள் தினமும் ரப்பர் ஷீட் நிறுக்கிற அதே தராசுதான். சக்கரம் சுற்றும், கயிறு அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும், அந்த இழுபறியில் எஞ்சினுக்கு எவ்வளவு பலம் என்பதைத் தராசின் முள் சொல்லிவிடும். சண்டைக்காலத்தில் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் கற்ற வித்தை. அதைத் தோட்டத்துத் துரையிடம் ஒருமுறை பெருமையடித்துக்கொண்ட என் வாயில் சூடு வைக்க வேண்டும்.

எதற்கு இந்தக் கூத்து என்றால், டிரைவர் இருளப்பன் செத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மேல் டிவிஷனுக்குப் போகிற மேட்டின் அடியில், சின்னப் பாலத்தருகே, காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகள் புதரிலிருந்து சுட்டார்கள். இருளப்பன், சின்ன துரை, கோத்தா கோலா மூடாவிலிருந்து வந்து காவலுக்குச் சேர்ந்திருந்த இரண்டு மலாய்க்காரர்கள், நான்கு பேரும் அங்கேயே முடிந்தார்கள். மலாயாவில் அவசரகாலம் தொடங்கி மூன்று வருடத்தில் நாங்கள் பார்க்காத சாவு இல்லை. ஆனால் இந்தச் சாவில் போலீசுக்கு ஒன்று உறுத்தியது. ஜீப் ரோட்டு நடுவில் ஒழுங்காக நின்றிருந்தது. ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தது. அப்படியானால் சுடுவதற்கு முன்பே டிரைவர் வண்டியை நிறுத்தியிருக்கிறான். எஞ்சின் இழுக்காமல் நின்றிருந்தால் அது வண்டியின் கோளாறு. நல்ல வண்டியை நிறுத்தினான் என்றால் காட்டுக்காரனோடு பேசிவைத்து நிறுத்தினான் என்று அர்த்தம், அவன் பெண்டாட்டி குணவதியையும் கைக்குழந்தையையும் பினாங்கில் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்? அவள் பிறந்ததே இந்தத் தோட்டத்து லயத்தில்தான்.

அவன் ஏன் நிறுத்தினான் என்பது எனக்குத் தெரியும். நிறுத்தச் சொன்னவனே நான்தான்.

ஜீப்பில் பெரிய கியருக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிக் கம்பிகள் உண்டு. நடுக்கம்பியைப் போட்டால் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும், கடைசிக் கம்பியைப் போட்டால் வண்டி ஆமை வேகத்தில் எந்த மேட்டையும் ஏறும். ஓடுகிற வண்டியில் அதைத் திணித்தால் பல் உடையும். இரண்டு தடவை உடைந்து, சாமான் பினாங்கிலிருந்து வர மூன்று மாதமாகி, துரை என்னை நாய்மாதிரி திட்டினார். "பாலத்துக்கிட்ட நிறுத்து. ஹேண்ட் பிரேக்க இழு. மொதல்ல நடுக்கம்பி, அப்புறம் கடைசி. அப்புறம் ஏறு" என்று இருளப்பனிடம் சொல்லிவைத்தேன். அவன் அதைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டு தினமும் அதே இடத்தில் நிறுத்தினான். பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அதைவிட வேறென்ன வசதி வேண்டும்? அன்றைக்கு ஜீப்பை இழுத்துவரப் போனபோது நடுக்கம்பி விழுந்திருந்தது, கடைசிக் கம்பி பாதியில் நின்றது. போலீஸ் வந்து பார்க்குமுன் இரண்டையும் பழையபடி தள்ளிவிட்டதும் நான்தான். கம்பி விழுந்திருந்தால் வண்டியை இழுத்துவர முடியாது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது உண்மையைச் சொன்னால், காட்டுக்காரனுக்கு இடம் காட்டியவன் என்று என்னைப் பிடித்து உள்ளே போடுவார்கள். விசாரணைகூடக் கிடையாது. பயந்தேன். அதைவிட வேறு காரணம் எதுவும் இல்லை.

டவுனிலிருந்து வந்த வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் மொழிபெயர்க்க, தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணியார். வாசலில் இரண்டு மாத்தாமாத்தா, மலாய்ப் போலீஸ்காரர்கள், காவலுக்கு நிற்க, நடுவில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குணவதி. தராசைப் பார்த்துச் சொல்ல ஸ்டோர் பிச்சை. தராசு தொண்ணூறு ராத்தல் காட்டினால் இந்த ஜீப் அந்த மேட்டை நிற்காமலே ஏறும் என்று அதிகாரி கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். சீட் சூடாக இருந்தது. ஒன்பது நாளாக யாரும் உட்காராத சீட், நிழலில் நின்ற வண்டி. யாரோ இப்போதுதான் எழுந்து போன சூடு அது. எழுந்துவிடலாமா என்றிருந்தது. தினமும் பத்துத் தடவை கைப்பிடி போட்டுச் சுற்றினால்தான் கிளம்புகிற எஞ்சின், அன்றைக்குத் தொட்டதும் கிளம்பியது.

"அறுவது" என்றான் பிச்சை. கயிறு புகையத் தொடங்கியது. "எழுவத்தஞ்சு. தொண்ணூறு தாண்டிருச்சுண்ணே. நூத்திப் பத்துலா."

அதிகாரி எழுதிக்கொண்டார். எஞ்சினை அடக்கினேன். இவ்வளவு நல்ல எஞ்சினை நான் ஏன் வைத்திருந்தேன் என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. குணவதிக்கு ஆங்கிலமும் தெரியாது, கணக்கும் தெரியாது. பிச்சையின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"நல்லா இழுக்குதாண்ணே?"

"ம்."

"அவரு சொல்லுவாரு. அய்யாவு அண்ணன் கைபட்டா வண்டி கெடாதுன்னு." அவள் முகத்தில் ஒன்பது நாளில் முதல்முறையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. வண்டி நன்றாக ஓடினால் புருஷன்மேல் குற்றமில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னார் அதிகாரி. மறுபடி முடுக்கினேன். பிச்சை எண்பது என்றான். அப்போது என் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன, இதை யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். எஞ்சின் தானாக அடங்கியது. யாரோ பெடலிலிருந்து காலைப் பதமாக எடுத்தது போலத்தான் அடங்கியது. பிறகு நடுக்கம்பி நகர்ந்து விழுந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம். அப்புறம் கடைசிக் கம்பி. சத்தமே இல்லாமல், பல் கடிக்காமல், நான் சொல்லிக்கொடுத்த வரிசையில், நான் சொல்லிக்கொடுத்த நிதானத்தில். முன்சக்கரங்கள் செங்கல்லைக் கவ்வி ஏறின. பின் அச்சு கட்டையிலிருந்து தடாலென்று தரையில் விழுந்தது. கயிறு அறுந்து பிச்சை ஒருபக்கம் உருண்டான். ஜீப் நாலடி ஊர்ந்து போய், வாசலில் நின்ற குணவதிக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. ஹேண்ட் பிரேக் ஏறுகிற கரகரச் சத்தம் என் முழங்காலருகே கேட்டது.

அதிகாரி எழுந்து வந்து என்னைப் பார்த்து என்னவோ கேட்டார்.

கிராணியார் தொண்டையைச் செருமினார். "ஏன் நிறுத்துனேன்னு கேக்குறாரு."

நான் நிறுத்தவில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஏன் நிறுத்தினான் என்று சொல்ல வேண்டியவன் செத்துப்போயிருந்தான். என் முதுகுக்குப் பின்னால் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது, பின்சீட்டில் யாரும் இல்லை.

"அப்படித்தான் நிறுத்தணும்னு நான்தான் சொல்லிக்குடுத்தேன்" என்றேன். "பாலத்துக்கிட்ட நிறுத்தச் சொன்னதும் நான்தான். அவன் எவன்கிட்டயும் பேசல. அந்தக் கம்பியப் போடத்தான் நிறுத்துனான். இழுத்துட்டு வரப்போ கம்பிய மாத்தி வச்சவன் நான்."

கிராணியார் என் பக்கம் குனிந்தார். "யோசிச்சுப் பேசு அய்யாவு. இங்கிலீசுல நான் சொல்லிட்டேன்னா அப்புறம் திரும்ப எடுக்க முடியாது."

"சொல்லுங்க."

அவர் சொன்னார். நான் சொன்னதைவிட ஆங்கிலத்தில் அது நீளமாக இருந்தது. அதிகாரி எழுதிக்கொண்டிருந்த காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் புதிதாக எழுத ஆரம்பித்தார். குணவதியின் இரண்டு பக்கமும் நின்ற மாத்தாமாத்தா அவளை விட்டுவிட்டு என்னிடம் வந்தார்கள். ஒருவன் என் தோளைத் தொட்டான், மரியாதையாகத்தான் தொட்டான். நான் இறங்கினேன்.

குணவதி அசையாமல் நின்றாள்.

"வேற எடத்துல நிறுத்துங்கன்னு நான் சொன்னேன்ணே" என்றாள் மெதுவாக. "பால் வெட்டுற எடத்துலருந்து தெனமும் பாப்பேன். பயமா இருக்கும். சொன்ன எடத்துலதான் நிறுத்தணும்னாரு. யாரு சொன்னதுன்னு கேட்டேன், சிரிச்சாரு. இத போலீசுல சொன்னா இன்னும் மோசமாயிரும்னுதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்." என் முகத்தைப் பார்த்தாள். "அது நீங்கதானா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

குழந்தை வழக்கம்போலக் கையை நீட்டியது. என் தோளுக்குத் தாவுகிற குழந்தை. அவள் அதன் முகத்தைத் திருப்பித் தன் கழுத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, வெயிலில் இறங்கி லயத்தை நோக்கி நடந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. பாதித் தூரத்தில் குழந்தை திமிறி அவள் தோளுக்கு மேல் தலையைத் தூக்கியது, மறுபடி கையை நீட்டியது, தூக்கச் சொல்லிச் சிரித்தது. என்னைப் பார்த்தா, எனக்குப் பின்னால் நின்ற ஜீப்பைப் பார்த்தா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.