உப்பு என்று ஏலம் போன ஜீப்

ஜாசிருக்கு வெள்ளிக்கிழமைக்கென்று தனியாக ஒரு வண்டி வாங்கும் ஆசை வந்த விஷயம் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதுதான் மரியாதை என்பதால் அப்படியே இருந்தோம். சவூதியில் எங்கள் ஊரான புரைதாவின் நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் கோப்பு பார்க்கிற மனிதன். வேலைக்குப் போய்வர ஒரு வெள்ளைக் கார் வைத்திருந்தான். தார்ச்சாலையை விட்டு ஒரு முழம் இறங்கினாலும் மூச்சு வாங்கும் கார் அது.

மழை பெய்து பாலைவனம் பச்சை பிடித்துவிட்டால் ஊரே கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு மணலுக்குப் போகும். ஜாசிரின் மனைவி நுவையிருக்கு மூன்று தம்பிகள். மூவருக்கும் மணலேறும் வண்டிகள் உண்டு. ஜாசிர் தன் காரை மணல் விளிம்பில் நிறுத்திவிட்டு, மனைவியோடும் பதின்மூன்று வயது மகள் லமாவோடும் மச்சான்களின் வண்டிகளில் கிடைத்த இடத்தில் ஏறிக்கொள்வான். "அத்தானை விறகோட வைங்க, பாத்திரத்தோட வெச்சா நசுங்கிருவாரு" என்று கடைக்குட்டி மச்சான் போன வருஷம் சொன்னதற்கு எல்லோரோடும் சேர்ந்து ஜாசிரும் சிரித்தான். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் சிரிக்கவில்லை.

நுவையிர் கணக்கை ஒரே வார்த்தையில் முடித்தாள். இருபத்தைந்தாயிரம் ரியால். அதற்கு மேல் ஒரு ஹலாலாக் காசு போனாலும் வண்டிக்குள்ளேயே குடித்தனம் நடத்திக்கொள்ளலாம் என்றாள்.

இதில் ஒரு சங்கடம். ஜாசிருக்கு மணல்மேடு என்றாலே பயம். படுக்கும்முன் அடுப்பு வாயுவை மூன்று முறை மூடிப் பார்க்கிற ஆள். மச்சானின் வண்டி மேட்டு உச்சியில் ஒரு கணம் வானத்தைப் பார்த்து நின்று கீழே கவிழும்போது அவன் கண்ணை மூடிக்கொள்வதை லமா பலமுறை பார்த்திருக்கிறாள். யாரிடமும் சொன்னதில்லை. நல்ல பிள்ளை.

இரண்டு மாதம் தேடியதில் இரண்டு வண்டிகள் மிஞ்சின. ஒன்று, இருபத்து நாலாயிரத்து ஐநூறுக்கு ஒரு பிக்கப். வாகனச் சோதனை நிலையத்தின் காகிதம் கையில் இருந்தது, குறை ஒன்றுமில்லை, பார்த்தால் ஆசையும் ஒன்றும் வரவில்லை. இன்னொன்று வியாழக்கிழமை ஏலத்துக்கு வந்த இரண்டு கதவு ஜீப். முப்பது வருஷத்துப் பழசு, மணல் நிறம், வட்டக் கண் விளக்குகள். அதைப் பார்த்ததும் ஜாசிரின் முகம் மாறிய விதத்தைப் பார்த்தே பிக்கப்பின் கதி முடிந்தது என்று புரிந்துகொண்டதாக, கூடப்போன துகைம் பிறகு எங்களிடம் சொன்னார். துகைம் பக்கத்து வீட்டுக்காரர், போக்குவரத்துப் போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். ஏல மைதானத்தில் அவருக்குத் தெரியாத ஆளில்லை. அன்றும் கூட்டத்துக்குள் புகுந்து இவர் தோளில் ஒரு கை, அவர் காதில் ஒரு வார்த்தை என்று உலாத்திக்கொண்டிருந்தார்.

ஏலக்காரன் ஜீப்பின் மேல் ஒரு தட்டுத் தட்டி, "இரும்புக் குவியல், தண்ணியில கரைஞ்ச உப்பு" என்று கூவினான். அதன் பொருள் அங்கே எல்லோருக்கும் தெரியும். வாங்குகிறவன் வாங்குவது வெறும் இரும்பை. நாளைக்கு என்ன குறை தெரிந்தாலும் விற்றவன் வாசலுக்குப் போகக்கூடாது. கரைந்த உப்பை யாரும் திரும்ப அள்ளுவதில்லை.

இந்த வகை ஜீப் முப்பத்தைந்தாயிரத்துக்குக் குறைந்து போனதில்லை. பதினைந்தில் தொடங்கிய ஏலம் இருபத்தொன்றில் நின்றது. கடைசியாகத் தூக்கிய கை ஜாசிருடையது. ஏலக்காரன் மூன்று முறை கேட்டான். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. விற்றவர் ஒரு தரம் தலையாட்டிவிட்டு, ஜீப்பைத் திரும்பிப் பாராமல் போய்விட்டார். அதிர்ஷ்டம் என்று நினைத்து ஜாசிர் பூரித்துப் போனான். இத்தனை விவரம் தெரிந்த மனிதர்கள் ஏன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள் என்ற கேள்வி, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்பிய பிறகுதான் அவனுக்கு வந்தது.

வந்த கேள்வி போகவில்லை.

முதலில் பிரேக் என்று பயந்தான். பிறகு ஸ்டியரிங். பிறகு அடிச்சட்டம் எங்கோ ஒடிந்து ஒட்ட வைத்ததாக இருக்கும் என்று தோன்றி, தொழுகைக்குப் போகிற நேரத்தில் வண்டிக்கடியில் படுத்துக் கிடந்தான். எங்கள் தெருவும் தன்னால் ஆனதைச் செய்தது. வெள்ளத்தில் முழுகின வண்டி என்றார் ஒருவர். உள்ளே யாரோ செத்திருக்கிறார்கள், இருக்கையை மோந்து பார் என்றார் இன்னொருவர். ஜாசிர் மோந்து பார்த்தான். ஏலக்காய் வாசனைதான் வந்தது. அதுவே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

தொழிற்பேட்டையில் பாமத்ரஃப் என்கிற யெமன்கார மெக்கானிக் மூன்று மணி நேரம் வண்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமே இல்லை, சந்தோஷமாக ஓட்டுங்கள் என்றார். கெட்டது இன்னதென்று சொல்லியிருந்தால் ஜாசிர் தூங்கியிருப்பான். சோதனை நிலையமும் ஒன்றுமில்லை என்று முத்திரை குத்திக் கொடுத்தது. அன்றிலிருந்து அவன் சாப்பாடு பாதியானது. பள்ளிவாசலுக்கும் வீட்டுக்கும் இடையில் மட்டும் இரண்டாவது கியரில் ஓட்டினான். லமா பின்னால் ஏறப் போனால் ஏதாவது சாக்குச் சொல்லி இறக்கிவிடுவான்.

இதற்குள் நுவையிர் தம்பிகளுக்குச் செய்தி அனுப்பிவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை செம்மேடு என்கிற பெரிய மணல்மேட்டுக்கு வருகிறோம், சொந்த வண்டியில். லமா நாள் எண்ணத் தொடங்கினாள். ஜாசிருக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டியிருந்தது: இந்த வண்டியில் பிள்ளையை ஏற்றலாமா, கூடாதா.

செய்யக்கூடாத காரியத்தைச் செய்தான். உரிமை மாற்றின காகிதத்தில் விற்றவரின் பெயரைப் பார்த்துப் பக்கத்து ஊரான உனைஸாவுக்கே போனான். நஹாரின் அப்பா என்ற பொருளில் அபூ நஹார் என்று அழைக்கப்பட்ட அந்த மனிதருக்கும் ஜாசிரின் வயதுதான். முகம் சுளிக்காமல் உட்கார வைத்து, பேரீச்சம்பழம் வைத்து, காப்பி ஊற்றினார். குசலமும் பிள்ளையின் பெயரும் விசாரித்து முடிந்த பிறகு ஜாசிர் விஷயத்துக்கு வந்தான்.

"நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியுது" என்றார் அபூ நஹார். "உப்புன்னு சொல்லி வித்துட்டேன், அபூ லமா. இப்போ நல்ல வண்டின்னு ஒரு வார்த்தை சொன்னா, நாளைக்கு அதுவே நான் குடுத்த ஜாமீன் ஆயிடும். கெட்ட வண்டின்னு சொன்னா, தெரிஞ்சே மறைச்சான்னு ஆயிடும். ரெண்டும் வேண்டாம். காப்பி குடிங்க."

"வண்டியைப் பத்திக் கேக்கலை. உங்க பிள்ளைங்களை அதுல ஏத்துவீங்களா, அதை மட்டும் சொல்லுங்க."

அபூ நஹார் காப்பிக் கூஜாவைச் சாய்த்தார். சின்னக் கிண்ணம் விளிம்பு வரை நிரம்பியது. எங்கள் பக்கம் கால் கிண்ணம் ஊற்றினால் மரியாதை. நிரப்பி ஊற்றினால் எழுந்து போ என்று பொருள். அவர் போகச் சொன்னாரா, இல்லை கை நடுங்கி ஊற்றிவிட்டாரா என்று ஜாசிருக்குத் தெரியவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கிண்ணத்தையே நினைத்துக்கொண்டு வந்தான். இரண்டில் எதுவாக இருந்தாலும் நல்லதாகப் படவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பாடு முடிந்து, எல்லோரும் செம்மேட்டின் அடியில் கூடினார்கள். துகைமும் வந்திருந்தார். வேடிக்கை எங்கே நடந்தாலும் அவர் வராமல் இருந்ததில்லை. மச்சான்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, ஏறினால் வண்டிக்குப் பெருமை, ஏறாவிட்டால் அத்தானுக்குப் பெருமை என்று கேலி பேசினார்கள்.

முதலில் தனியாக ஏறிப் பார்க்கிறேன் என்றான் ஜாசிர். குரல் அவனுடையதாகவே இல்லை. மேடு ஏறவும் இறங்கவும் வண்டியைப் பிடித்துக்கொள்ளும் சின்ன கியர் கம்பியைப் போட்டு, தெரிந்த பிரார்த்தனைகளை எல்லாம் வரிசை மாற்றிச் சொல்லி, கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு மிதித்தான். ஒவ்வொரு சத்தமும் அவன் முதுகெலும்பில் கேட்டது. இதோ இப்போது, இதோ இப்போது என்று காத்திருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஜீப் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறி உச்சியில் போய் நின்றது. மறுபக்கச் சரிவைப் பார்த்து மூக்கை நீட்டிக்கொண்டு.

கீழே ஒரே ஆரவாரம். மேட்டில் ஏறுவது ஆண்களுக்குப் பெருமை, இறங்குவதுதான் பிள்ளைகளுக்குக் குதூகலம். லமா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் ஓடி ஏறி, அவன் வேண்டாம் என்று சொல்வதற்குள் பின் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிவிட்டாள். அவளுக்குப் பின்னால் நுவையிர் மூச்சு வாங்க ஏறி வந்தாள், அவளுக்குப் பின்னால் துகைம்.

ஜாசிர் இறங்கி நின்று கதவைப் பிடித்துக்கொண்டிருந்தான். கதவு ஆடியதா, அவன் ஆடினானா என்று சொல்ல முடியாது. முகம் சாம்பல் பூத்திருந்தது. அதைப் பார்த்து துகைமுக்கு மனசு இளகிவிட்டது. அவன் தோளில் கையைப் போட்டு அணைத்துக்கொண்டார்.

"எதுக்குப்பா இப்படி நடுங்கறே? வண்டியில ஒண்ணுமில்லை. அன்னைக்கு ஏலத்துல நான்தான் நாலு பேர் காதுல போட்டேன், இது உருண்டு ரெண்டு பேர் செத்துப்போன வண்டின்னு. சும்மா, விலை ஏறாம இருக்கட்டும்னு. உன் கையில இருபத்தஞ்சுதானே இருந்துச்சு."

அணைப்பில் இருந்தபடியே ஜாசிர் சிரித்துவிட்டான். மூன்று வாரப் பயம் ஒரே மூச்சில் வெளியே போனது. ஆனால் நுவையிர் சிரிக்கவில்லை. பொய் சொல்லி இன்னொருவன் வயிற்றில் அடித்து வாங்கின வண்டி என்றால் அது ஹராம், அதில் என் மகளை வைத்து இந்தச் சரிவில் இறங்குவதா என்று கேட்டாள். துகைமை அவள் ஒரு பார்வை பார்த்தாள். அவர் சட்டென்று தன் காலணிக்குள் போன மணலைக் கவனிக்க ஆரம்பித்தார்.

"அந்த மனுஷனுக்கு இப்பவே போன் போடுங்க" என்றாள் நுவையிர். "இங்கிருந்தே."

போன பயம் வேறு உருவத்தில் திரும்பி வந்து ஜாசிரின் நெஞ்சில் உட்கார்ந்தது. வண்டி நல்ல வண்டி என்று தெரிந்த நிமிஷத்தில் அதை இழக்க வேண்டும். மச்சான்கள் கீழே நின்று பார்க்கிறார்கள். இருந்தாலும் போனைப் போட்டான். நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். விருப்பமிருந்தால் விற்பனையை ரத்து செய்து வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னான்.

அபூ நஹார் இடைமறிக்காமல் முழுக்கக் கேட்டார்.

"அப்போ இந்த வியாபாரம் கெட்டுப்போச்சு" என்றார் கடைசியில். "உப்பும் இல்லை, இரும்பும் இல்லை. நான் வாயைத் திறக்கலாம். நீங்க எங்க இருக்கீங்க?"

"செம்மேட்டு உச்சியில."

"வண்டி மூக்கு எந்தப் பக்கம்?"

"சரிவுப் பக்கம்."

"உள்ள யாராவது இருக்காங்களா?"

"மக இருக்கா."

"இறக்குங்க. முதல்ல பிள்ளையை இறக்குங்க, அப்புறம் பேசறேன்."

ஜாசிர் எப்படி அந்தப் பெல்ட்டைக் கழற்றினான், எப்படி மகளை வெளியே இழுத்தான் என்று அவனுக்கே நினைவில்லை. லமாவின் முழங்கையில் நான்கு விரல் தடம் மறுநாளும் இருந்ததை நாங்கள் பார்த்தோம். அவன் மறுபடி போனைக் காதில் வைத்தபோது அபூ நஹார் நிறுத்தாமல் பேசினார். சமதரையில் ஒன்றும் தெரியாது, ஏறும்போதும் தெரியாது, எந்த மெக்கானிக்காலும் கண்டுபிடிக்க முடியாது. செங்குத்தாக இறங்கும்போது, ஆள் ஏறின பாரத்தில், அந்தச் சின்ன கியர் தானாகக் கழன்றுகொள்ளும். பிறகு வண்டியை இன்ஜின் பிடிக்காது. பிரேக்கை மிதித்தால் மணலில் பக்கவாட்டில் திரும்பி உருளும். போன குளிர்காலத்தில் மூன்று பிள்ளைகளோடு அப்படி ஒரு சரிவில் போனதாகச் சொன்னார். கீழே ஒரு புதர் இருந்ததால் பிழைத்தார்களாம்.

"இருபத்தொண்ணுக்கு நான் ஏன் தலையாட்டிட்டுப் போனேன்னு நினைக்கிறீங்க?" என்றார். "வண்டியை அங்கேயே விடுங்க. ஆளைக் கூட்டிட்டு வந்து எடுத்துக்கறேன். பணம் உங்களுக்கு வந்துடும்." பிறகு, "பிள்ளை இறங்கிட்டாளா?" என்று கேட்டார்.

இறங்கிவிட்டாள் என்றான் ஜாசிர்.

கீழே மச்சான்கள் ஹாரன் அடித்தார்கள். அத்தான் பயந்துவிட்டார் என்று ஒருவன் கத்துவது காற்றில் தெளிவாகக் கேட்டது. நுவையிர் அபாயா அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். துகைம் காலணியைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். ஜாசிர் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வண்டி ஏறிவந்த தடத்தில் குதிகால் ஊன்றி ஊன்றி இறங்கினான்.

"பாபா, கை வலிக்குது."

"வலிக்கட்டும்" என்றான். அடிவாரம் வரை விடவில்லை.