குடும்பத்தோடு பார்க்கலாம்

தண்ணீர்த் தொட்டியை என்றைக்குக் கழுவுகிறார்கள், லிஃப்ட் எப்போது ஓடாது என்பதையெல்லாம் இருபத்திரண்டு வீடுகளுக்கும் சொல்வதற்காகத்தான் அந்தக் குடியிருப்பின் கைப்பேசிக் குழுவை ஆரம்பித்தார்கள். அதற்குள் சினிமா நுழைந்ததற்கு முழுப் பொறுப்பும் மூன்றாம் மாடி மாஸ்டரின் வலது கைக் கட்டைவிரலையே சேரும்.

மாஸ்டர் என்றால் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர். இருபது வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு, நடுங்கும் கைகளை நகரத்து நெரிசலில் பழக்கிவிட்டவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் ஒரு படம் பார்த்தார். முடிந்ததும் மச்சானுக்கு நாலு வரி தட்டினார்.

"படம் பரவாயில்ல. ஆனா அம்மா செத்து மூணாம் நாள் ஹீரோ புதுசா முடி வெட்டிக்கிட்டு வந்து அழுறான். துக்கத்துல இருக்கறவன் சலூன்ல வரிசையில உட்கார்ந்திருந்ததை நினைச்சேன், சிரிப்பு வந்துடுச்சு."

கட்டைவிரல் ஒரு இடம் தள்ளி அமுக்கிவிட்டது. வரிகள் மச்சானுக்குப் போகாமல் குடியிருப்புக் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தன.

பதறிப்போய் அழிக்கப் பார்த்தார். அதற்குள் பதினாலு பேர் கட்டைவிரலை உயர்த்திவிட்டார்கள். இரண்டாம் மாடிப் பல் டாக்டரம்மா கண்ணீர் வரச் சிரிக்கும் முகங்களாக ஒரு வரிசை அனுப்பியிருந்தார். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், தொட்டியையும் லிஃப்டையும் தவிர வேறு எதைப் பற்றியும் வாய் திறக்காத மனிதர், "அருமையான பார்வை. தொடரவும்" என்று எழுதியிருந்தார்.

அந்தப் 'பார்வை' மாஸ்டரை என்னவோ செய்தது. அதுவரை அவர் பார்வையைப் பற்றி யாராவது பேசியிருந்தால் அது லைசென்ஸ் புதுப்பிக்கிறபோது கண் டாக்டர் மட்டும்தான்.

இதில் ஒரே ஒரு சங்கடம். முடிவெட்டு விஷயத்தைக் கவனித்தது மாஸ்டர் அல்ல, அவர் மனைவி.

அவள் தையல்காரி. கூடத்தில் ஜன்னலோரம் மிஷினைப் போட்டுக்கொண்டு அக்கம்பக்கத்தாரின் பேன்ட் நீளத்தைக் குறைப்பாள், இடுப்பைத் தளர்த்துவாள், திரைச்சீலை தைப்பாள். டிவிக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பாள். படத்தை முக்கால்வாசி காதால் கேட்பாள். நூல் மாற்றும்போது ஒரு தரம் திரும்பிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, மிஷின் சத்தத்துக்கு நடுவே, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல ஏதாவது ஒன்றைப் போட்டு வைப்பாள். "ஆறு மாசம் காட்டுல ஒளிஞ்சிருந்தவன், சட்டையில மடிப்புக் கலையல பாருங்க." அவ்வளவுதான். மறுபடி மிஷின் ஓடும்.

மாஸ்டர் அடுத்த வாரமும் அவள் சொன்னதை எழுதினார். அதற்கடுத்த வாரமும். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் குழுவில் ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள்: "மாஸ்டர், நாளைக்கு எதைப் பார்க்கலாம்?" மாடிப்படியில் மறித்துக் கேட்டார்கள். லிஃப்ட் பழுதென்ற அறிவிப்பு அவருடைய வரிகளுக்கு அடியில் புதைந்துபோய், ஐந்தாம் மாடிக்காரர் ஒருவர் கையில் அரிசி மூட்டையோடு பத்து நிமிடம் பொத்தானை அமுக்கிக்கொண்டே நின்றார். படியேறும்போது அவரும் மாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டி அந்த வாரத்துப் படத்தைக் கேட்டுக்கொண்டுதான் போனார்.

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. நடையே மாறிவிட்டது. காரில் உட்கார்ந்தால் கிளச்சைப் பற்றிப் பேச வேண்டியவர் காட்சி அமைப்பைப் பற்றிப் பேசினார். கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கு வேறு வழியில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் சாலையில், காதை மட்டும் மூட முடியாது. ஒரு நர்ஸ், கற்றுக்கொள்ள வந்து மூன்றாம் நாள், அழுதே விட்டாள்.

"மாஸ்டர், எதிர்ல லாரி வருது. என்ன பண்ணணும்?"

"லாரி கிடக்கட்டும்மா. இடைவேளைக்கு முன்னாடி அந்த மௌனம் இருக்கே, அதை யோசிச்சுப் பாரு."

நல்லவேளை, கால் மட்டும் பழைய ஞாபகத்தில் பிரேக்கை மிதித்தது.

நடுவில் இரண்டொரு தரம் சொந்தச் சரக்கையும் கலந்து பார்த்தார். "திரைக்கதையின் உள்ளடுக்குகளில் ஒரு தவிப்பு ஓடுகிறது" என்று எழுதினார். யாரும் கட்டைவிரலை உயர்த்தவில்லை. அரை மணி கழித்து முதல் மாடியிலிருந்து ஒருவர், "தண்ணிக் குழாய்லயும் ஒரு சத்தம் ஓடுது, பிளம்பர் நம்பர் இருக்கா?" என்று கேட்டிருந்தார். மாஸ்டர் அடுக்குகளைக் கைவிட்டு மறுபடி மிஷின் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டார்.

திருட்டு என்று அவருக்குத் தோன்றவேயில்லை. வீட்டில் இருக்கும் குடையை எடுத்துக்கொண்டு போவது திருட்டா? அப்படித்தான் நினைத்தார்.

ஆறு மாதம் ஆகியிருக்கும். மனைவிக்கு ஒரு பெரிய வேலை வந்தது. ஒரு ஓட்டலுக்கு நாற்பது பணியாளர்களுக்கு மேல்கோட்டு. அளவுச் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து வெட்ட வேண்டும்.

"டிவி சத்தத்துல எண்ணிக்கை தப்புது. மிஷினை உள் ரூமுக்குத் தள்ளிக் கொடுங்க" என்றாள்.

"இங்கேயே இருந்தா என்ன? சத்தத்தைக் கொறைச்சு வைக்கறேன்."

"அப்புறம் உங்களுக்கு வசனம் கேட்காதே."

"எனக்குக் கேட்காட்டி என்ன, உனக்குக் கேட்டா..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். மிஷினை உள்ளே தள்ளிக் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மாஸ்டர் தன்னந்தனியாகப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் காகிதம், பேனா. படத்தில் ஒரு மாமனார். பெரிய வீடு. அமைதியான மனிதர். மருமகனுக்குத் தானே டீ போட்டுக் கொண்டுவந்து தருகிறார், தோட்டத்தில் நிற்கிறார், வானத்தைப் பார்க்கிறார். மாஸ்டரும் பார்த்துக்கொண்டேயிருந்தார். சாப்பிட்ட சாப்பாடும் மின்விசிறியும் சேர்ந்து தங்கள் வேலையைக் காட்டின. கண் விழித்தபோது திரையில் படத்தில் வேலை செய்தவர்களின் பெயர்கள் கீழிருந்து மேலே ஓடிக்கொண்டிருந்தன. காகிதத்தில் 'மாமனார்' என்று மட்டும் இருந்தது.

குழுவில் கேள்விகள் வந்து குவிந்திருந்தன. திரும்பப் பார்க்க நேரமில்லை. பார்த்தாலும் என்ன எழுதுவதென்று தெரியாது. மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார், எழுதுவதற்குத் தொண்டை தேவைப்படாது என்றாலும். பிறகு தட்டினார்:

"நிதானமான படம். குடும்பத்தோடு பார்க்கலாம். குறிப்பாக அந்த மாமனார் பாத்திரம். இப்படி ஒரு மாமனார் எல்லா வீட்டிலும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!"

முப்பத்தொரு கட்டைவிரல். அவருடைய சாதனை அது. மாஸ்டர் திருப்தியாக முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

மறுநாள் செயலாளர் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். மகளைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார்: அப்பா, அம்மா, பையன். பேச வேண்டியதையெல்லாம் முதல் அரை மணியிலேயே பேசித் தீர்த்துவிட்டார்கள். அப்புறம் யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. பையனின் அப்பா கூரையைப் பார்த்தார். செயலாளர் தரையைப் பார்த்தார். அந்த இக்கட்டில்தான் அவருக்கு மாஸ்டரின் வரிகள் ஞாபகம் வந்தன.

"ஒரு நல்ல படம் இருக்காம். எல்லாரும் சேர்ந்து பார்க்கலாமா? மாமனாரைப் பத்தின படம்" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு. டிவியைப் போட்டார். படம் ஒரு மணி நேரம் ஓடியதும் எல்லோருக்கும் டீ வந்தது. பையனுக்கு டீயைச் செயலாளரே கையில் கொடுத்தார்.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அதற்கப்புறம் படத்தில் மருமகன் டீயைக் குடித்துவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். அமைதியான மாமனார் அவனைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். அங்கே ஏற்கெனவே இரண்டு மருமகன்கள் இருந்தார்கள், மண்ணுக்கடியில்.

பையனின் அம்மா மகன் கையிலிருந்த டீக் கோப்பையை மெல்ல வாங்கித் தள்ளி வைத்தாள்.

அரை மணி கழித்து மாஸ்டர் வீட்டு அழைப்பு மணி விடாமல் அடித்தது. கதவைத் திறந்தால் செயலாளர். பின்னால் பல் டாக்டரம்மா. அவர் தன் மாமனாரோடு உட்கார்ந்து பார்த்தாராம்.

"எல்லா வீட்டிலயும் இருந்தா நல்லா இருக்கும்னு எழுதியிருக்கீங்க!" செயலாளர் கைப்பேசியை நீட்டிக் காட்டினார். "மூணு கொலை! சம்பந்தி வீட்டுக்காரங்க கிளம்பிப் போயிட்டாங்க. டீயைத் தொடவே இல்ல!"

மூன்று கொலை என்பதே மாஸ்டருக்குப் புதுச் செய்தி. இருந்தாலும் ஆறு மாதப் புகழ் சும்மா விடவில்லை.

"நீங்க அதை மேலோட்டமாப் பார்க்கறீங்க, சார். கொலைங்கறது அங்க ஒரு... ஒரு குறியீடு."

"எதுக்குக் குறியீடு?" என்று கேட்டார் பல் டாக்டரம்மா. எத்தனையோ பேர் வாயைத் திறந்து பார்த்தவர். உள்ளே என்ன இருக்கிறதென்று கண்டுபிடிப்பதுதான் அவர் தொழில்.

உள் அறையில் மிஷின் நின்றது. கழுத்தில் அளவு டேப்போடு மனைவி வெளியே வந்தாள்.

"அந்தப் படமா? அந்த மாமனார் சரியில்லன்னு செவுத்துக்கு அந்தப்பக்கத்துல இருந்தே தெரிஞ்சுதே" என்றாள். "தண்ணி குடிக்க வந்தப்ப ஒரு தரம் எட்டிப் பார்த்தேன். அந்த ஆளு மண்வெட்டியைக் கழுவிட்டிருந்தாரு. தோட்டத்துல ஒரு செடி கூட இல்ல. செடி இல்லாத தோட்டத்துல மண்வெட்டிக்கு என்னங்க வேலை?"

பல் டாக்டரம்மா மாஸ்டரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி மாஸ்டரைப் பார்த்தார்.

"இது அப்படியே நீங்க எழுதற மாதிரியே இருக்கே, மாஸ்டர்."

மாஸ்டரின் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. அவர்கள் இருவரும் படியிறங்கும்போது செயலாளர் சிரித்தாரா இருமினாரா என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

கதவைச் சாத்திவிட்டு மாஸ்டர் மனைவி பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா? நான் எழுதிட்டிருந்தது?"

"முதல் வாரத்துலேர்ந்தே. பேன்ட் குறைக்கக் கொண்டுவர்றவங்க எல்லாம் என்கிட்டயே வந்து சொல்லுவாங்க. 'உங்க வீட்டுக்காரர் எவ்ளோ நுணுக்கமாப் பார்க்கறாரு'ன்னு. நான் அளவெடுத்துக்கிட்டே ஆமா ஆமான்னு சொல்லுவேன்."

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கல?"

அவள் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினாள். "சனிக்கிழமையானா உங்க முகம் அப்படி இருந்துச்சு. கெடுப்பானேன்னு விட்டேன். ஆனா அந்த நர்ஸுப் பொண்ணு சட்டையைப் பிடிச்சுத் தைக்கக் கொண்டுவந்தப்ப லாரிக் கதையைச் சொல்லுச்சு. அன்னைக்கே கேட்டிருக்கணும். அதுக்குள்ள கோட்டு வேலை வந்துடுச்சு."

மாஸ்டர் குழுவுக்கு உண்மையை எழுத உட்கார்ந்தார். ஏழெட்டுத் தரம் எழுதி அழித்தார். கடைசியில் மூன்றே வரி: இதுவரை எழுதியதெல்லாம் மனைவி சொன்னவை, நேற்று எழுதியது மட்டும்தான் என் சொந்தம், அது தூக்கத்தில் எழுதியது, மன்னிக்கவும்.

நாற்பது கட்டைவிரல். பழைய சாதனை தவிடுபொடி. ஒரு நிமிடம் மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்தது. எதற்குக் குளிர்கிறது என்று புரிந்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

சங்கம் உடனே மனைவியைப் பிடித்துக்கொண்டது. செயலாளர் நேரில் வந்து, இனி வாரா வாரம் அவள்தான் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்.

"வேணாங்க. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டு என் பாட்டுக்குத் தைச்சிட்டிருக்கேன். எழுதணும்னு பார்த்தா அது இன்னொரு வேலை. எனக்கு இன்னும் பன்னெண்டு கோட்டு பாக்கி இருக்கு. உங்க பொண்ணு விஷயம் என்ன ஆச்சு?"

செயலாளர் தலையைச் சொறிந்தார். அது விசித்திரமாக முடிந்திருந்தது. மண்வெட்டியைப் பார்த்த மாத்திரத்தில் அவர் மகள் ஓரக்கண்ணால் பையனைப் பார்த்திருக்கிறாள். பையனும் அதே நேரம் அவளைப் பார்த்திருக்கிறான். பெரியவர்கள் மாமனாரின் பொறுமையை மெச்சிக்கொண்டிருந்த ஒரு மணி நேரமும் இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். இந்தப் பெண் போதும் என்று அவன் வீட்டில் சொல்லிவிட்டான். அவன் அம்மா மட்டும் இனி அந்த வீட்டில் தண்ணீர் தவிர எதையும் தொடுவதாக இல்லை.

கோட்டு வேலை முடிந்து மிஷின் கூடத்துக்குத் திரும்பியது. மாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை படம் போட்டார், காகிதம் பேனா இல்லாமல். ஹீரோ வில்லனைத் துரத்திக்கொண்டு மலைப்பாதையில் காரைப் பறக்கவிட்டான். மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இவன் கியரையே மாத்தலையே! இவ்ளோ தூரமும் ரெண்டாவது கியர்லயே போறான். இஞ்சின் இந்நேரம் கதறியிருக்கும்!"

மிஷின் நின்றது. மனைவி முழுசாகத் திரும்பி, திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் கையிலிருந்த துணி நழுவிக் கீழே விழுந்தது.

"இதைப் போடட்டுமா?" என்று கேட்டார் மாஸ்டர், பள்ளிக்கூடத்துப் பையன் போல.

"உங்க கண்ணால பார்த்தது. உங்க இஷ்டம்."

போட்டார். ஒரு கட்டைவிரல்கூட எழவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பல் டாக்டரம்மாவிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: "கியர் மாத்தாம ஓட்டினா தப்பா மாஸ்டர்? என் வண்டியில அது தானாவே மாறிக்குது."

மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் கியரிலிருந்து ஆரம்பித்தார்.