இருபத்தேழாம் சீட்டு

வக்கீல்கள் சங்கத்தின் தொழிலாளர் சட்டப் பிரிவு ஒரு வருஷத்தில் செய்ய வேண்டிய காரியங்கள் அப்படியொன்றும் அதிகமில்லை. நான்கு கருத்தரங்கம், ஜூனியர்களுக்கு ஒரு மாதிரி விசாரணை, பொதுமக்களுக்கு ஒரு இலவச முகாம், கடைசியில் ஆண்டறிக்கை. கருத்தரங்கத்துக்கு வருகிற கூட்டம் சமோசாவோடு கரைந்துவிடும். மாதிரி விசாரணையில் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே பிரிவின் மானம் முகாமில்தான் இருந்தது. எந்தப் பிரிவின் முகாமுக்கு அதிகம் பேர் வந்தார்களோ அந்தப் பிரிவுக்கு ஆண்டுக் கூட்டத்தில் ஒரு கேடயம் கொடுப்பார்கள். போன வருஷம் குடும்பச் சட்டப் பிரிவு முப்பத்தெட்டு பேரைக் காட்டி அதைத் தூக்கிக்கொண்டு போனது. தொழிலாளர் சட்டப் பிரிவின் செயலாளர் கிருஷ்ணப்பிரியாவுக்கு வருஷம் முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்த வருஷ முகாம் மண்ணூர்பேட்டையில், ஒரு பள்ளிக்கூடத்தின் கீழ்த்தள வகுப்பறையில், ஞாயிற்றுக்கிழமை நடந்தது. வருகிறேன் என்று சொன்ன வக்கீல்கள் ஐந்து பேர். வந்தவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் பதினொரு மணிக்கே மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று கிளம்பிவிட்டார். மிச்சம் இருந்தது பிரியா மட்டும்தான். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை பார்க்கிற சனம் வாசல் வரை வரிசையில் நின்றது. ஒவ்வொருவர் சொல்வதையும் ஒரு சீட்டில் எழுதி, கீழே ஆலோசனையை எழுதி, எண் போட வேண்டும். சீட்டின் முதல் கட்டத்தில் கொட்டை எழுத்தில் 'நிறுவனத்தின் பெயர்' என்று இருக்கும். எதிர்த்தரப்பு நம் கட்சிக்காரராக இருந்துவிடக்கூடாது, ஆகவே அதை முதலில் கேளுங்கள் என்று ஆகஸ்டில் ஜூனியர்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தவளே அவள்தான். பன்னிரண்டு மணிக்கு இருபத்தாறு சீட்டு ஆகியிருந்தது. ஒரு மணிக்குப் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். நாற்பதைத் தாண்ட வேண்டுமே என்ற பரபரப்பில் அந்தக் கட்டத்தை அவள் எப்போது கேட்காமல் தாண்டத் தொடங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

இருபத்தேழாவதாக வந்தவள் பெயர் பத்மா.

"எஸ்டேட்ல தகடு அடிக்கிற பிரஸ் கம்பெனி மேடம். பதினெட்டு வருசமா கீறாரு ஊட்டுக்காரரு. மெசினாண்ட தூங்கிட்டாராம், டை அச்சு ஒட்ஞ்சிபோச்சாம். வேலைய உட்டுத் தூக்கறதுக்கு லெட்டர் குட்த்துகிறாங்க. புதன்கெழம விசாரணையாம்."

"நிஜமாவே தூங்கினாரா?"

"தூங்கிட்டாரு மேடம். பொய் சொல்லக் கூடாது. மூணு நாளா டபுள் சிப்ட்டு ஓட்டிகினு..."

வரிசையில் யாரோ செருமினார்கள். பிரியாவின் பேனா 'தூங்கிட்டாரு' என்பதோடு நின்றுவிட்டது.

"அவர் வாயால தூங்கினேன்னு வரவே கூடாது. 'குற்றச்சாட்டை மறுக்கிறேன், நிர்வாகம் நிரூபிக்கட்டும்.' இதை மட்டும் சொல்லச் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச வேணாம்."

பத்மா அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். போகும்போது கையெடுத்துக் கும்பிட்டாள். மொத்தம் நான்கு நிமிஷம். ஒரு மணிக்குக் கணக்கு நாற்பத்தொன்று. முகப்பேருக்குப் பஸ்ஸில் திரும்பும்போது பிரியாவுக்கு வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

அவள் பையில் ஒரு வாரமாகப் பிரிக்காத கோப்பு ஒன்று கிடந்தது. ஒரு தொழிலாளியை வேலையிலிருந்து நீக்குவதற்கு முன் கம்பெனி தனக்குள்ளே ஒரு விசாரணை நடத்தியாக வேண்டும். அதை நடத்த வெளியிலிருந்து ஒரு வக்கீலை விசாரணை அதிகாரியாக உட்கார வைப்பது எஸ்டேட் வழக்கம். அவர் இரண்டு பக்கமும் சாராதவர் என்று காகிதத்தில் இருக்கும். கங்காதரன் என்ற முதலாளியின் தொழிற்சாலையில் அப்படியொரு விசாரணைக்கு அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். புதன்கிழமை காலை ஆட்டோவில்தான் கோப்பைப் பிரித்தாள். தேவா, ஆபரேட்டர், பணி நேரத்தில் தூக்கம் என்ற வரியைப் படித்தபோது லேசாக ஏதோ குத்தியது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஷாப் நூற்றுக்கணக்கில் இருக்கிறது, தூங்குகிறவர்களும் அதற்குக் குறையாமல் இருப்பார்கள் என்று தன்னைச் சமாதானம் செய்துகொண்டாள். கேட்டில் செக்யூரிட்டி ஒரு தடித்த ரிஜிஸ்டரை நீட்டினார். பெயர், உள்ளே போகிற நேரம், கையெழுத்து. போட்டுவிட்டு மாடி ஏறினாள்.

தேவா ஒல்லியான ஆள். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். அவள் குற்றச்சாட்டைப் படித்துவிட்டு, ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டாள்.

"குற்றச்சாட்டை மறுக்கிறேன். நிர்வாகம் நிரூபிக்கட்டும்."

பிரியா தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தாள். ஞாயிற்றுக்கிழமை தான் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளையே இப்போது எழுதிக்கொண்டாள். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். கேட்டுக்கு வெளியே சாப்பாட்டுப் பையோடு பத்மா நின்றிருந்தாள். மேலே பார்த்தவள் இவளை அடையாளம் கண்டுகொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு. நம்ம மேடம்தான் உட்கார்ந்திருக்காங்க, இனி கவலையில்லை என்கிற சிரிப்பு. பிரியா ஜன்னலிலிருந்து தலையைத் திருப்பிக்கொண்டாள்.

சூப்பர்வைசர் வந்து தேவா குறட்டை விட்டதை ரசித்துச் சொன்னார். வருகைப் பதிவேடு கொண்டுவந்து வைத்தார்கள். நாளுக்கு ஒரே ஒரு ஷிஃப்ட், சுத்தமாக எழுதியிருந்தது.

"சாட்சியை ஏதாவது கேட்கணுமா?" என்றாள் தேவாவிடம்.

இல்லை என்று தலையாட்டினான்.

"நீங்க ஏதாவது சொல்லணுமா?"

அதற்கும் தலையாட்டினான். சொன்ன சொல் தவறாமல் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்போதுதான் பாதியில் விட்ட பேச்சின் மிச்சம் அவளுக்கு ஞாபகம் வந்தது. மூணு நாளா டபுள் சிப்ட்டு. தூங்கினான், ஏனென்றால் தூங்க விடவில்லை. அதுதான் அவனுக்கு இருந்த ஒரே வழி. தூங்கியதை ஒத்துக்கொண்டால்தான் அதைச் சொல்ல முடியும். அவள்தான் அவன் வாயைத் தைத்து அனுப்பியிருக்கிறாள். இப்போது இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவனிடம் அதை எடுத்துச் சொல்லவும் முடியாது. தலைவலி என்று சொல்லி விசாரணையை வெள்ளிக்கிழமைக்கு ஒத்திவைத்தாள். தலை உண்மையாகவே வலித்தது.

வியாழக்கிழமை கோர்ட் கேன்டீனில் பிரிவுத் தலைவர் வீரராகவனிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் போண்டாவைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்.

"இதுக்கா முகம் இப்படி இருக்கு? முகாம் வேற, விசாரணை வேறம்மா. அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போடு. நாற்பதுன்னாலும் கேடயம் நமக்குத்தான்."

"நான் விலகிட்டா சார்?"

"விலகினா கங்காதரன் எனக்குத்தான் போன் பண்ணுவார். நான் முடிச்சுக் கொடுத்துடுவேன்."

முடித்துக் கொடுப்பது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கையெழுத்துப் போட்ட அறிக்கை ஒன்றில்கூட 'நிரூபிக்கப்படவில்லை' என்ற வார்த்தை வந்ததில்லை. அவள் இருந்தால் அது மோசடி. விலகினால் தேவா வீரராகவன் கையில் விழுவான். விலகிய காரணத்தை முழுதாகச் சொன்னால், அவன் மனைவியே ஒத்துக்கொண்டது வெளியே வந்துவிடும். சீட்டுக் கட்டிலிருந்து இருபத்தேழை உருவி எடுத்துப் பார்த்தாள், கிழிக்க விரல் வரவில்லை. பயத்தில் வரவில்லையா நேர்மையில் வரவில்லையா என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கங்காதரனிடம் ஒரு கடிதம் கொடுத்தாள். 'இந்தத் தொழிலாளியின் குடும்பத்துக்கு முகாமில் நான் சட்ட ஆலோசனை சொல்லியிருக்கிறேன். ஆகவே விசாரணை அதிகாரியாக இருக்கத் தகுதியில்லை. அந்த ஆலோசனையில் பிழை இருந்ததால் அவர்களிடம் அதைத் திருத்திச் சொல்லப்போகிறேன்.' அவ்வளவுதான். என்ன ஆலோசனை என்று எழுதவில்லை.

கங்காதரன் இரண்டு தடவை படித்தார். "அப்போ தேவா உங்க ஆளா மேடம்?"

"யார் ஆளா இருந்தாலும் அந்த நாற்காலியில உட்காரக் கூடாது சார்."

"எஸ்டேட்ல இனிமே உங்களை யாரும் கூப்பிட மாட்டாங்க," என்றார் அவர். மிரட்டலாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். அவள் படி இறங்குவதற்குள் வீரராகவனுக்குப் போன் போய்விட்டது. மூன்று மணிக்கு அவரே நடத்துவதாக முடிவானது.

கேட்டுக்கு எதிரே டீக்கடையில் தேவாவும் பத்மாவும் நின்றிருந்தார்கள். இவளைப் பார்த்ததும் பத்மா டீ சொல்லப் போனாள். வேண்டாம் என்று தடுத்துவிட்டு, தான் விலகிவிட்டதையும் ஞாயிற்றுக்கிழமை சொன்னது தப்பு என்பதையும் பிரியா மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

"தூங்கினேன்னு சொல்லுங்க தேவா. மூணு நாள் ரெண்டு ஷிஃப்ட் போட்டாங்க, அதனால தூங்கினேன்னு சொல்லுங்க. அவங்க வருகைப் பதிவேடு பொய். ஆனா கேட் ரிஜிஸ்டர்ல நீங்க உள்ள போன நேரமும் வெளிய வந்த நேரமும் உங்க கையெழுத்தோட இருக்கும். அதை இன்னிக்கே கொண்டுவரச் சொல்லிக் கேளுங்க. தரலைன்னா, தரலைன்னு எழுதச் சொல்லுங்க. எழுதின அப்புறம்தான் நீங்க கையெழுத்துப் போடணும்."

தேவா கையிலிருந்த டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான். பத்மாவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது.

"ஞாயித்திக்கெழம வாயே தொறக்கக் கூடாதுன்னீங்க. இன்னிக்கு எல்லாத்தையும் சொல்லுன்றீங்க. எத நம்பறது மேடம்?"

"அன்னிக்கு நீங்க சொன்னதை நான் முழுசாக் கேட்கலை."

"கேக்கலியா? எய்திகினேதான இருந்தீங்க."

"எழுதினேன். கேட்கலை."

பத்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்பட்டிருந்தால்கூடப் பிரியாவுக்குத் தாங்கியிருக்கும்.

"எனக்கு முன்னாடி அத்தினி பேரு, பின்னாடி அத்தினி பேரு. அவங்களுக்கும் இப்டித்தான் சொல்லிகினு இருந்தீங்களா?"

வீரராகவனின் கார் கேட்டுக்குள் நுழைந்தது. தேவா டீ கிளாஸை வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனான். அவன் எதைச் சொல்லப் போகிறான் என்று அவனுக்காவது தெரியுமா என்று பிரியாவுக்குத் தெரியவில்லை. இரண்டு பெண்களும் ஒரே பெஞ்சில் நடுவே ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். பிரஸ் விழும் சத்தம் தரை வழியாகக் காலுக்கு வந்துகொண்டிருந்தது. மூன்றரை ஆயிற்று. நான்கு ஆயிற்று. தன் பேச்சைக் கேட்டு அவன் ஒத்துக்கொண்டு, ரிஜிஸ்டரும் வராமல் போனால், பதினெட்டு வருஷ வேலையை அவள் ஒரே வாரத்தில் இரண்டு தடவை பறித்தவள் ஆவாள்.

நான்கேகாலுக்கு செக்யூரிட்டி அறையில் போன் அடித்தது. அவர் மேஜை மேலிருந்த தடித்த ரிஜிஸ்டரை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

பிரியா எழுந்து நின்றுவிட்டாள். "அதுதான்," என்றாள் பத்மாவிடம். பத்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு தேவா விசாரணைப் பதிவின் நகலோடு இறங்கி வந்தான். பிரியா வாங்கிப் படித்தாள். 'தூங்கியதைத் தொழிலாளி ஒப்புக்கொண்டார்' என்ற வரிக்கு அடியில் விரலை வைத்தாள். கீழே போனால், நிர்வாகம் ஒரு வாரம் அவகாசம் கேட்டது, தொழிலாளி இன்றே வேண்டும் என்றார், ரிஜிஸ்டர் வரவழைக்கப்பட்டது, மூன்று நாட்களின் பக்கங்களும் நகலெடுத்துக் கோப்பில் சேர்க்கப்பட்டன, அறிக்கை பின்னர். வீரராகவன் என்ன அறிக்கை எழுதுவார் என்பது வேறு. ஆனால் காலை ஆறு மணிக்கு உள்ளே போய் ராத்திரி பத்துக்கு வெளியே வந்த மூன்று நாட்களை இனி எந்தக் கோர்ட்டிலும் யாரும் மறைக்க முடியாது.

"யாரு உனக்குச் சொல்லிக் குட்த்ததுன்னு கேட்டாரு அந்த வக்கீலு," என்றான் தேவா. "நான் தூங்குனது எனக்குத் தெரியாதா சார்னேன்."

பத்மா பெஞ்சிலிருந்த சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். பிரியாவுக்கு நன்றி சொல்லவில்லை. வரேன் மேடம் என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். அது நியாயமாகவே பட்டது.

ஆண்டறிக்கையை ஆறரைக்குள் சங்க அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். மறுநாள் கூட்டம். பிரியா ஓரத்து மேஜையில் உட்கார்ந்து தட்டச்சு செய்த பக்கத்தை எடுத்தாள். நான்கு கருத்தரங்கம், ஒரு மாதிரி விசாரணை. அடுத்த வரி: 'முகாமில் நாற்பத்தொரு பேர் பயன்பெற்றனர்.' கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தார்கள்.

அவள் சீட்டுக் கட்டைப் பிரித்தாள். முதல் சீட்டு ஷேக் தாவூத், பூந்தமல்லி, பேக்கிங் வேலை. ஆலோசனை என்ற இடத்தில் தன் கையெழுத்தையே வேறு யாருடையதோ போல் படித்தாள். 'ராஜினாமா கொடுத்துவிடலாம்.' ஏன் அப்படிச் சொன்னாள்? அந்த மனிதர் முகம்கூட ஞாபகம் வரவில்லை. மேலே இரண்டே வரிதான் எழுதியிருந்தது, நிறுவனத்தின் பெயர்க் கட்டம் காலி. சீட்டில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள்.

"முகாமுல பார்த்த வக்கீலம்மாவா? அல்லா உங்கள நல்லா வெக்கட்டும். நீங்க சொன்ன மாதிரியே நேத்து லெட்டர் எழுதிக் குடுத்துட்டேம்மா."

அலுவலகக் கடிகாரத்தில் ஆறு பத்து. அறிக்கை கையெழுத்தில்லாமல் முன்னால் கிடந்தது. அவள் பேனாவை மூடிப் பக்கத்தில் வைத்தாள்.

"அண்ணே, கம்பெனி பேர் என்ன? முதல்ல அதைச் சொல்லுங்க. அப்புறம் என்ன நடந்துச்சுன்னு ஆரம்பத்துல இருந்து மெதுவாச் சொல்லுங்க. நான் கேட்கிறேன்."