படுக்கையிலிருந்து ஜன்னல் வரை

ஆறு வருஷத்தில் ஒன்பது கேம் ஜாமில் கலந்துகொண்டவன் என்று சொன்னால், கேட்பவர்களுக்கு ஏதோ பெரிய ஆள் போலத் தோன்றும். அந்த ஒன்பதிலும் அவன் பிடித்த இடங்களைச் சொன்னால் அந்த எண்ணம் போய்விடும். வெள்ளி மாலை ஒரு தலைப்பு கொடுப்பார்கள். ஞாயிறு மாலைக்குள் அதற்கு ஒரு கேம் செய்து இணையத்தில் ஏற்றிவிட வேண்டும். கலந்துகொண்டவர்களே ஒருவர் கேமை இன்னொருவர் ஆடிப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். அவ்வளவுதான் ஜாம். நம் ஆள் செய்வதெல்லாம் நடக்கிற கேம். சுடுவது, குதிப்பது, ஜெயிப்பது எதுவும் கிடையாது. சும்மா நடக்கலாம், சுற்றிப் பார்க்கலாம். எல்லாவற்றிலும் பனி இருக்கும். காடு என்றாலும் பனி, கப்பல் என்றாலும் பனி, ஒருமுறை பாலைவனத்துக்கும் பனி போட்டான். ஜாம் குழுவில் அவனுக்குப் பனிமூட்டம் என்றே பெயர் விழுந்துவிட்டது. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான், பாவம்.

அவன் மனைவி பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்து கால் விழுந்துபோனவர்களை மறுபடி நடக்கவைப்பது ஆஸ்பத்திரியில் அவள் வேலை. கேம் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. இந்த முறை 'சின்ன தூரம்' என்று தலைப்பு வந்தது. பனிமூட்டம் உடனே ஓர் ஆளில்லாத ரயில் நிலையத்தைப் போட்டு, அதற்குள் பனியைக் கொட்ட ஆரம்பித்தான். அவள் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?"

"உன் ஆளு நடக்கவே இல்ல. வழுக்கிட்டுப் போறான். கால்ல பாரமே இல்லையே."

"இதுல மூடுதான் முக்கியம். காலை யாரு பார்க்கப் போறாங்க?"

"நான் நாள் பூரா காலைத்தானே பார்க்கறேன். எனக்கும் அந்த சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடேன். நானும் ஒண்ணு பண்ணிப் பார்க்கறேன்."

அவளுடைய பழைய லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தான். எதை அழுத்தினால் என்ன ஆகும் என்று அரை மணி நேரம் சொல்லியும் கொடுத்தான். எப்படியும் ஒரு மணி நேரத்தில் அலுத்துப்போய் மூடிவைத்துவிடுவாள் என்று நினைத்ததால் பெருந்தன்மை சுலபமாக வந்தது.

அவள் மூடிவைக்கவில்லை. சனிக்கிழமை மதியம், "வந்து பாரேன்," என்று கூப்பிட்டாள்.

ஓர் ஆஸ்பத்திரி அறை. ஒரு கட்டில், எதிரே ஒரு ஜன்னல், நடுவில் பதினான்கு அடி தூரம். இடது பொத்தானை அழுத்தினால் இடது கால், வலதை அழுத்தினால் வலது கால். அழுத்திய உடனே கால் வந்துவிடாது. முதலில் தரையிலிருந்து எழும், நடுங்கும், உடம்பின் பாரம் அந்தப் பக்கம் சாயும், பிறகுதான் பாதம் ஊன்றும். ஓர் அடிக்கு நாலு நொடி. அது முடிவதற்குள் அவசரப்பட்டு அடுத்ததை அழுத்தினால் ஆள் பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிடுவார். பின்னணியில் மூச்சுச் சத்தம் மட்டும். அவளே போனில் பதிந்த அவள் மூச்சு.

அவன் ஏனோதானோ என்றுதான் ஆட ஆரம்பித்தான். மூன்றாவது அடியில் தன்னை அறியாமல் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். ஒன்பதாவதில் அவனும் மூச்சைப் பிடித்திருந்தான். ஜன்னலை அடைந்தபோது வெளியே ஒரு கால்பந்து மைதானத்தின் மூலை தெரிந்தது, யாருமில்லாமல், ஒரு கொடி மட்டும் நட்டுவைத்து. அதோடு முடிந்தது. அவன் விரல் இன்னும் பொத்தானிலேயே இருந்தது.

"எங்க நடுவருக்காகப் பண்ணினேன்," என்றாள்.

நடுவரைப் பற்றி அவன் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தான். இருபது வருஷம் கால்பந்து ஆட்டங்களுக்கு விசிலோடு ஓடியவர். நாலு மாதமாக அவள் வார்டில் இருக்கிறார். ஏழு அடிக்கு மேல் போக முடியவில்லை. நான் படுகிற பாடு யாருக்கும் தெரியாது என்பதுதான் அவர் ஓயாத புலம்பல்.

"எனக்குத் தெரியும்னு அவருக்குக் காட்டணும். திங்கக்கிழமை கொண்டுபோய்க் காட்டறேன்னு சொல்லிவச்சிருக்கேன். எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு," என்றான் பனிமூட்டம். "ஆனா கொஞ்சம் சிம்பிளா இருக்கு."

சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய் உட்கார்ந்தான். வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நெஞ்சுக்குக் கீழே காந்தியது. ஆறு வருஷமாக அவன் எதைப் பிடிக்கப் பனிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தானோ, அதை இவள் ஒரு நாளில், சமையலுக்கும் துணி காயப்போடுவதற்கும் நடுவில் எடுத்துவிட்டாள். மாலையில் அவள் தன் கேமின் இருபது நொடி வீடியோ ஒன்றை ஜாம் குழுவில் போட்டாள். நாற்பது பேர் இதயம் போட்டார்கள். அவன் ரயில் நிலையத்துக்கு இரண்டு இதயம். அதில் ஒன்று அவள் போட்டது. மற்றவர்கள் போடாததைவிட அவள் போட்டதுதான் அதிகம் உறுத்தியது. அவள் வேலை செய்துகொண்டே பாட்டு முணுமுணுப்பது, பொத்தானைத் தட்டுகிற சத்தம், நாற்காலியில் காலை மடக்கிக்கொண்டு உட்காருவது எல்லாமே அன்று அவனுக்கு ஆகவில்லை. செய்வதற்கு வேறொன்றும் தோன்றாமல் இன்னும் கொஞ்சம் பனி போட்டான்.

ஞாயிறு மாலை ஏற்ற வேண்டிய நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் அவள் வந்தாள்.

"உன் மெஷின்ல ஒருவாட்டி ஓட்டிப் பாரேன். என்கிட்ட மட்டும் ஓடி, வேற எங்கயும் ஓடலைன்னா மானம் போயிடும்."

எதிரே இருந்த கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். அவன் திரையின் முதுகும் அவன் முகமும்தான் அங்கிருந்து தெரியும். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இடது பொத்தானை அழுத்தினான்.

திரையில் நடுவர் ஓடினார். கால் எழுந்ததும் தெரியவில்லை, ஊன்றியதும் தெரியவில்லை. இடது, வலது, இடது, வலது, ஏழே நொடியில் ஜன்னலில் போய் மோதி நின்றார். பின்னணியில் அவள் பதிந்த மூச்சு மட்டும் பழையபடி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

தப்பு எங்கே என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. கேம் என்பது ஒவ்வொரு நொடியும் வரிசையாக வரையப்படுகிற படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கால் இத்தனை நகரட்டும் என்று அவள் எழுதியிருந்தாள். அவளுடைய கிழட்டு லேப்டாப் நொடிக்கு இருபது படம் வரையவே முக்கும். அதனால் கால் மெல்ல நகர்ந்தது. அவன் மெஷின் நூற்றைம்பது படம் வரையும், அதனால் கால் பறந்தது. அந்த அளவைக் கடந்துபோன நேரத்தால் பெருக்கினால் எந்த மெஷினிலும் ஒரே வேகம் வரும், ஒரே ஒரு வரி. முதல் ஜாமில் எல்லோரும் செய்கிற தப்பு. அவனும் செய்திருக்கிறான், குழுவில் ஒருவர் சொல்லித் திருத்தியிருக்கிறான்.

வாயைத் திறந்தான். 'இங்க வந்து பாரு' என்ற மூன்று சொல் நாக்கு நுனிவரை வந்தது. அப்போது அந்த நாற்பது இதயங்கள் ஞாபகத்துக்கு வந்தன.

ஹெட்போனைக் கழற்றினான். "நல்லா இருக்கு. ஏத்திடு."

அவள் சற்று நேரம் அவனையே பார்த்தாள். பிறகு போய் ஏற்றிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் அரதப்பழசான கம்ப்யூட்டராகத்தான் இருக்கும், நடுவருக்குச் சரியாகவே ஓடும் என்று தனக்குத் தானே பூசி மெழுகிக்கொண்டான். திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனபின், அவள் கேமுக்கு வந்த கருத்துகளைத் திறந்தான். 'பேஷண்ட் பந்தயத்துக்குத் தயாராகிட்டார் போல.' 'வீடியோவுல பார்த்தது இது இல்லையே?' 'விழுந்து விழுந்து சிரிச்சேன்.' அவன் கேமின் கீழே ஒருவர், 'பனி அருமை' என்று எழுதியிருந்தார். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்தக் காலைப் பொழுதில் அவனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அரை மணி நேரம் இருந்திருக்கும் அந்தக் குளிர்ச்சி. பிறகு ஒன்றுமே சாப்பிடப் பிடிக்கவில்லை.

மாலையில் அவள் வந்தாள். செருப்பைக் கூடக் கழற்றாமல் நேராக அவன் நாற்காலிக்கு வந்து, "எழுந்திரு," என்றாள். உட்கார்ந்து தன் கேமைத் திறந்து இடது, வலது என்று அழுத்தினாள். நடுவர் ஓடிப்போய் ஜன்னலில் மோதினார். இன்னொரு முறை ஓடவிட்டாள்.

"வார்டுல போன வாரம் புது கம்ப்யூட்டர் வச்சாங்க," என்றாள் திரையைப் பார்த்தபடியே. "அதுலதான் காட்டினேன். அவரை வீல்சேர்ல தள்ளிட்டுப் போய், பக்கத்துல உக்காந்து, சார், இது உங்களுக்காகன்னு சொல்லி. அவர் முழுசாப் பார்த்தார். கடைசியில, 'என் நடை உங்களுக்குக் கேலியா இருக்கு இல்ல மேடம்'னார். அப்புறம் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார். இன்னிக்கு ஒரு அடி வைக்கலை. எனக்கு என்ன ஆச்சுன்னே புரியலை. பஸ்ல வரும்போதுதான் ஒண்ணு உறைச்சது."

அவள் கேமை மூடினாள்.

"பேஷண்ட் விழப்போறார்னா எனக்கு ரெண்டு அடி முன்னாடியே அவர் முகத்துல தெரிஞ்சிடும். அதுதான் என் தொழில். நேத்து நீ விளையாடும்போது உன் மூஞ்சியைத்தான் பார்த்துட்டிருந்தேன். என்னமோ தப்பா இருக்குன்னு அப்பவே தெரிஞ்சது. ஆனா நீ சொல்லுவேன்னு நெனச்சேன்."

கத்தியிருந்தால்கூடத் தேவலாம். அவள் எழுந்து போய்க் குளித்துவிட்டு வந்து துணி மடிக்க உட்கார்ந்தாள். அவன் அந்த ஒரு வரியை எழுதிச் சேர்த்தான். திருத்திவிட்டேன் என்று சொன்னதற்கு அவள் அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

மறுநாள் காலை அவன் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, அவள் பின்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போனான். வராதே என்று அவள் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. வார்டில் எட்டுக் கட்டில். மூன்றாவதில் நடுவர், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஒல்லியான மனிதர், தோள் மட்டும் இன்னும் அகலமாக இருந்தது.

"சார், நான் மேடத்தோட வீட்டுக்காரர்," என்றான். "அந்த கேம்ல நீங்க ஓடினது இவ பண்ணினது இல்ல. இவ எழுதினது மெதுவா நடக்கறதுதான். வேகமான கம்ப்யூட்டர்ல ஓடும்னு இவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். முன்னாடியே பார்த்தேன், சொல்லலை."

நடுவர் மெல்லத் தலையைத் திருப்பினார். "ஏன்?"

நேரமில்லை, கவனிக்கவில்லை என்று சொல்ல வழியில் இரண்டு காரணம் தயார் செய்துவைத்திருந்தான். அந்த மனிதர் பார்த்த பார்வையில் இரண்டும் செல்லுபடியாகாது என்று தெரிந்தது.

"பொறாமை சார்."

"உங்களுக்கு இந்த வேலையில எத்தனை வருஷம்?"

"ஆறு."

"மேடத்துக்கு?"

"ரெண்டு நாள்."

நடுவரின் வாய் ஒரு பக்கமாக மேலே போனது. சிரிக்கிறார் என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"அதோ ஆறாவது கட்டில்," என்றார் குரலைத் தணித்து. "எனக்கு ஒரு மாசம் பின்னாடி வந்தவன், தம்பி. போன வாரம் பத்து அடி நடந்தான். எல்லாரும் தட்டினாங்க, நானும் இந்த நல்ல கையால தொடையில தட்டினேன். தட்டிட்டே, பாவி முட்டி மடங்கி உக்கார மாட்டானான்னு வேண்டிக்கிட்டேன். இருபது வருஷம் நியாயம் சொன்னவன் நான்."

அவள் கட்டிலை ஒட்டி வந்தாள். நடுவரின் இடுப்பில், நடக்கும்போது பிடித்துக்கொள்கிற பெல்ட்டைக் கட்டினாள். "எழுந்திரிங்க சார். ஒரு நாள் வீணாப் போச்சு." பிறகு, கணவன் பக்கம் திரும்பாமலே, வீல்சேரை அவனிடம் தள்ளிவிட்டாள். "இதைத் தள்ளிட்டு அவர் பின்னாடியே வா. ஒரு முழம் தள்ளி. மோதக் கூடாது, தள்ளியும் நிக்கக் கூடாது. விழுந்தா அவர் இதுலதான் விழணும்."

முதல் அடிக்கே அவன் நாற்காலி நடுவரின் குதிகாலில் போய் இடித்தது. "மெதுவா," என்றாள். அவன் பின்வாங்கினான். இரண்டாவது அடி. பாதம் எழுந்தது, நடுங்கியது, பாரம் சாய்ந்தது. நாலு நொடி என்பதெல்லாம் கேமுக்குத்தான். இங்கே ஓர் அடிக்கு ஒரு நிமிஷம் போல இருந்தது. அவள் இரண்டு கைகளையும் பெல்ட்டை ஒட்டி, பிடித்தும் பிடிக்காமலும் வைத்துக்கொண்டு, பாதத்தைவிட்டுப் பார்வையை எடுக்காமல் பக்கவாட்டில் நகர்ந்தாள். அவளுக்கு இப்படி ஒரு முகம் உண்டு என்று அவனுக்குத் தெரியாது. அவள் வேலை செய்து அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்தப் பார்வை முழுக்க இன்னொருவர் காலுக்குப் போகிறதே என்று மறுபடியும் உள்ளே புகைந்தது. வெட்கம்கெட்ட மனசு, அதற்கு இடம் பொருள் ஏது.

ஏழு. நடுவர் நின்று மூச்சு வாங்கினார். ஆறாவது கட்டில்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அதைப் பார்த்ததும் நடுவர் எட்டு வைத்தார், ஒன்பது வைத்தார். வார்டில் யாரோ தட்ட ஆரம்பித்தார்கள். அவள் முதல்முறையாகப் பாதத்திலிருந்து கண்ணை எடுத்து, தட்டுகிறவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த நேரத்தில் பின்னால் நின்றவனுக்கு அது தெரிந்தது. வலது முழங்காலின் பின்புறம், நரம்பு இழுபடுகிற மாதிரி ஒரு சின்ன ஆட்டம்.

"முட்டி! முட்டி போகுது!" என்று வார்டே திரும்பும்படி கத்திக்கொண்டு நாற்காலியை முன்னால் தள்ளினான்.

அவள் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கவும், பத்தாவதை ஊன்றப்போய்க் கால் மடங்கவும், நடுவர் நாற்காலியில் உட்காரவும் சரியாக இருந்தது. மூவரும் மூச்சு வாங்கினார்கள். "பத்து கணக்கா, இல்லையா?" என்று கேட்டார் நடுவர்.

அவள் பெல்ட்டைத் தளர்த்திவிட்டு நிமிர்ந்தாள். இரண்டு நாளில் முதல்முறையாகக் கணவனை நேராகப் பார்த்தாள்.

"சொல்ல வருதே உனக்கு," என்றாள்.